மேக், லெட், சீ, ஹியர்: நடுவுல அந்த 'டு' எதுக்கு?

ஆபீஸ் மெயில்ல அடிக்கடி கண்ணுல படுற லைன் இது: 'ப்ளீஸ் மேக் ஹிம் டு சென்ட் த ஃபைல்'. படிக்கிறவருக்கு புரியும், ஃபைலும் வந்துடும், ஆனா இதே லைன் எஸ்எஸ்சி, பேங்க் எக்ஸாம்ல எரர் ஸ்பாட்டிங்கா வந்தா அந்த 'டு'ல தான் கை வைக்கணும். சரியானது 'மேக் ஹிம் சென்ட் த ஃபைல்'.

இந்த தப்பு நம்ம ஆளுங்களுக்கு ஏன் இவ்ளோ சுலபமா வருதுன்னா, தமிழ்ல 'செய்ய'ன்னு ஒரே உருவத்த வச்சே எல்லாத்தையும் ஓட்டிடுறோம். செய்ய வச்சேன், செய்ய விட்டேன், செய்ய சொன்னேன், செய்ய அனுமதிச்சேன், நாலுலயும் அதே 'செய்ய' தான். ஸ்கூல்ல 'செய்ய'ன்னா 'டு டூ'ன்னு மண்டையில ஏத்தி விட்டுட்டாங்க, அதனால நாலு இடத்துலயும் 'டு' தானா வந்து உக்காந்துக்குது. இங்கிலீஷ் இந்த நாலையும் ரெண்டா பிரிச்சு வச்சிருக்கு. டெல், அலவ் ரெண்டுக்கும் 'டு' கண்டிப்பா வேணும், மேக், லெட் ரெண்டுக்கும் வேணவே வேணாம். 'மை ஃபாதர் டிடின்ட் லெட் மீ கோ' சரி, 'டிடின்ட் அலவ் மீ டு கோ'வும் சரி, அர்த்தமும் கிட்டத்தட்ட ஒண்ணு தான். ஆனா 'லெட் மீ டு கோ' தப்பு.

இந்த ரூல கத்துக்கிட்ட புதுசுல இன்னொரு கூத்து நடக்கும். எங்க பாத்தாலும் 'டு'வ தூக்க ஆரம்பிச்சுடுவாங்க, 'அலவ் மீ கோ', 'ஃபோர்ஸ்ட் மீ சைன்'னு. ஃபோர்ஸ், காஸ், அலவ், பர்மிட், ஆஸ்க், வான்ட் எல்லாத்துக்கும் 'டு' அப்படியே இருக்கணும். மேக்கும் ஃபோர்ஸும் அர்த்தத்துல சொந்தக்காரங்க தான், ஆனா கிராமர்ல வேற வேற வீடு. அர்த்தத்த வச்சு கணக்கு போடாதீங்க, ஒவ்வொரு வெர்பையும் அதோட ஆளோட சேத்து வாயில பழக்கிக்கிறது தான் ஒரே வழி.

அடுத்தது டென்ஸ். 'ஹீ மேட் மீ க்ரைட்'னு சொல்றவங்க நெறைய பேர். அழுதது நேத்து, அதனால பாஸ்ட் போடணும்னு தோணுது, ஆனா பாஸ்ட மேட் ஏற்கெனவே தூக்கிக்கிச்சு, பின்னாடி வர்ற வெர்பு எந்த காலத்துலயும் மாறாது. மேக்ஸ் மீ க்ரை, மேட் மீ க்ரை, வில் மேக் மீ க்ரை, மூணுலயும் வெறும் 'க்ரை' தான். நடுவுல வர்ற ஆளும் 'மீ, ஹிம், ஹெர், தெம்' தான், 'லெட் ஹீ கோ'ன்னு வராது. லெட்டுக்கு பாஸ்டும் லெட் தான், 'லெட்டட்'னு ஒண்ணு கிடையாது.

சர்ச்சுக்கு போறவங்க யாராச்சும் இந்த இடத்துல மடக்குவாங்க, கிங் ஜேம்ஸ் பைபிள்ல 23ஆம் சங்கீதத்துல 'ஹீ மேக்கெத் மீ டு லை டவுன்'னு இருக்கேன்னு. இருக்கு தான், ஆனா அது 1611ல வந்த மொழிபெயர்ப்பு. அப்போ மேக்குக்கு அப்புறம் 'டு' போட்டும் எழுதுனாங்க, போடாமலும் எழுதுனாங்க. இன்னைக்கு ஆக்டிவ் வாய்ஸ்ல அது கிடையாது.

ஆக்டிவ் வாய்ஸ்னு அழுத்தி சொன்னதுக்கு காரணம் இருக்கு, பாஸிவ்ல போனா காணாம போன 'டு' திரும்பி வந்துடும். 'தே மேட் அஸ் வெயிட்', ஆனா 'வீ வேர் மேட் டு வெயிட்'. எக்ஸாம்ல ரொம்ப பேர் கவுறது இங்க தான். சீயும் அதே மாதிரி, 'ஹீ வாஸ் சீன் டு என்டர் த ஷாப்', ஆனா பேச்சுலயும் நியூஸ்லயும் 'வாஸ் சீன் என்டரிங்' தான் அதிகம் கேக்கும். லெட்டுக்கு மட்டும் இந்த வித்தை செல்லாது, 'ஐ வாஸ் லெட் டு கோ'ன்னு சொல்ல முடியாது, 'ஐ வாஸ் அலவ்ட் டு கோ'ன்னு தான் மாத்தணும். 'ஹீ வாஸ் லெட் கோ'ன்னு கேட்டிருப்பீங்க, அது அவர வேலைய விட்டு அனுப்பிட்டாங்கன்னு நாசூக்கா சொல்றது, போக விட்டாங்கன்னு நெனச்சு வாழ்த்து சொல்லிடாதீங்க.

இப்போ பாக்குறது, கேக்குறது. 'ஐ சா ஹிம் வென்ட் இன்'னு வர்ற தப்புக்கும் வேர் தமிழ்ல தான் இருக்கு. 'அவன் உள்ள போனத பாத்தேன்'ல போனதுங்கறது பாஸ்ட், அத அப்படியே தூக்கிட்டு வந்து 'வென்ட்'னு போட்டுடுறோம். 'ஐ சா ஹிம் கோ இன்' தான் சரி. நல்ல விஷயம் என்னன்னா நம்மகிட்ட போனத, போறதன்னு ரெண்டு இருக்கு, இங்கிலீஷ்லயும் கோ, கோயிங்னு ரெண்டு இருக்கு, பெரும்பாலும் ஜோடி பொருந்தும். 'ஐ சா ஹெர் க்ராஸ் த ரோடு'ன்னா அந்தம்மா ரோட்ட கடந்து அந்தப் பக்கம் போனத முழுசா பாத்தேன். 'ஐ சா ஹெர் க்ராஸிங் த ரோடு'ன்னா கடக்குறத பாத்தேன், நடு ரோட்டுல இருந்தாங்க, அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு இந்த வாக்கியத்துல இல்ல. ஆக்ஸிடென்ட் கேஸ்ல சாட்சி சொல்றவர் எதச் சொல்றார்ங்கறது வக்கீலுக்கு பெரிய விஷயம். சத்தத்துலயும் இதே வித்தியாசம் உண்டு: 'ஐ ஹர்ட் த டோர் ஸ்லாம்'னா கதவு டமால்னு ஒரு தடவ, 'ஸ்லாமிங்'னா காத்துல விடாம அடிச்சுக்கிட்டே இருக்கு. வாட்ச், நோட்டீஸ், ஃபீல் எல்லாம் இதே கூட்டம் தான். 'லிசன் டு ஹெர் சிங்'ல 'டு' இருக்கேன்னு குழம்ப வேணாம், அது லிசனோட ஒட்டிப் பொறந்த 'டு', சிங்குக்கு உள்ளது இல்ல.

காதால நேரா கேட்டதுக்கும் கேள்விப்பட்டதுக்கும் ஒரே அச்ச போடுறதும் நடக்குது. ஃப்ரெண்டுக்கு கல்யாணம் ஆயிடுச்சுன்னு யாரோ சொன்னாங்க, அதுக்கு 'ஐ ஹர்ட் ஹிம் கெட் மேரிட்'னு சொல்லக்கூடாது, 'ஐ ஹர்ட் தட் ஹீ காட் மேரிட்' தான்.

ஹேவ், கெட் கொஞ்சம் நின்னு பாக்க வேண்டிய இடம். க்ளையன்ட்கிட்ட 'ஐ வில் மேக் மை மேனேஜர் கால் யூ'ன்னு சொன்னா மேனேஜர் கழுத்துல கத்தி வச்சு போன் பண்ண வைப்பேன்ங்கற மாதிரி இருக்கும், மேக்ல ஒரு கட்டாயம் ஒட்டிக்கிட்டு வரும். 'ஐ வில் ஹேவ் ஹிம் கால் யூ'ன்னா கூப்பிட சொல்றேன், அவ்ளோ தான். பிரிட்டிஷ்காரங்க அதையே பெரும்பாலும் 'ஐ வில் கெட் ஹிம் டு கால் யூ'ம்பாங்க, கெட்டுக்கு மட்டும் 'டு' உண்டு.

நடுவுல ஆளுக்கு பதில் பொருள் வந்தா கதையே மாறிடும். 'ஐ ஹேட் த மெக்கானிக் செக் த ப்ரேக்ஸ்', மெக்கானிக் செய்யிற ஆள், அதனால வெறும் செக். 'ஐ ஹேட் த ப்ரேக்ஸ் செக்ட்', ப்ரேக் செய்யப்படுற பொருள், அதனால செக்ட். வண்டிய சர்வீஸ் பண்ணேன், முடி வெட்டுனேன்னு நாம பாட்டுக்கு சொல்லிடுறோம், சலூன்காரர் வெட்டுனாருன்னு கேக்குறவருக்கு தெரியும். இங்கிலீஷ்ல 'ஐ கட் மை ஹேர்'னா கண்ணாடி முன்னாடி நின்னு நீங்களே கத்தரி போட்ட மாதிரி ஆயிடும், 'ஐ ஹேட் மை ஹேர் கட்', இல்லாட்டி 'ஐ காட் மை ஹேர் கட்'னு சொல்லுங்க.

ஹெல்ப் எந்தப் பக்கமும் சேராத ஆளு. 'ஹெல்ப் மீ கேரி திஸ்'ஸும் சரி, 'ஹெல்ப் மீ டு கேரி திஸ்'ஸும் சரி, ரெண்டுலயும் மார்க் குறைக்க முடியாது. ஆனா அடக்க முடியலங்கற அர்த்தத்துல 'ஐ குடின்ட் ஹெல்ப்'னு ஆரம்பிச்சா பின்னாடி 'லாஃபிங்' தான் வரும், 'டு லாஃப்'னு வராது.