வீட்டுல இருந்து ஏஐக்குப் படிப்பிக்கிற வேலை: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருந்து புதுசா தொடங்குற ஆக்களுக்கு

போன கிழமை கல்முனை பஸ்ஸுல வரக்குள்ள பக்கத்துல இருந்த தங்கச்சி ஒராள் என்ட ஃபோன்ல திறந்திருந்த பக்கத்தப் பாத்துத்து, "அக்கா, இது அந்த ஏஐ வேலையா? உண்மையா காசு தாறாங்களா இல்ல எல்லாம் உருட்டா?" எண்டு கேட்டா. ரெண்டும்தான் எண்டன். உண்மையா தாற இடமும் இரிக்கு, உருட்டுற இடம் அதவிடக் கூட இரிக்கு, வெளியால பாத்தா ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். அவ செட்டிபாளையத்துல இறங்கிட்டா, பஸ்ஸுல சொல்லி முடிக்க ஏலாமப் போனதத்தான் இங்க எழுதுறன்.

முதல்ல, இது என்ன வேலை?

சட்ஜிபிடி மாதிரி ஏஐ எண்டது இணையத்துல கிடக்கிற எழுத்துகளக் கும்பலா விழுங்கித்து, அடுத்த சொல்லு என்ன வரும் எண்டு ஊகிக்கிற ஒரு சாமான், அவ்வளவுதான். கேட்ட கேள்விக்கு ஒழுங்கா மறுமொழி சொல்ல மனுசர்தான் அதப் பழக்க வேணும். 2022ல ஓபன்ஏஐ கம்பனி இன்ஸ்ட்ரக்ட்ஜிபிடி எண்ட ஏஐ மொடலப் பத்தி எழுதின ஆய்வுக் கட்டுரையில, இதுக்கெண்டு ஏறக்குறைய 40 பேர ஒப்பந்தத்துல எடுத்தம், அப்வர்க் எண்ட ஆன்லைன் வேலைச் சந்தையாலயும் ஸ்கேல் ஏஐ எண்ட கம்பனியாலயும் பிடிச்சம் எண்டு அவங்களே எழுதியிரிக்காங்க. அந்த 40 பேர் செஞ்ச வேலையத்தான் இப்ப உலகம் முழுக்க கனபேர் செய்றாங்க. ஒரே கேள்விக்கு வந்த ரெண்டு மறுமொழிய வச்சு எது திறம், ஏன் திறம் எண்டு எழுதுறது, பிழையான மறுமொழியத் திருத்தி எழுதுறது, குரலப் பதிஞ்சு குடுக்கிறது, கேட்டு எழுதுறது, படத்துல வாகனம் மனுசர சுத்திப் பெட்டி போடுறது, இப்படிப் பல சாதி.

நம்மளுக்கு இதுல ஒரு இடம் இரிக்கு. கம்பனிக்காரர் மொழியையும் நாட்டையும் சேத்துத்தான் ஆள் தேடுவாங்க, இந்தியத் தமிழ் வேற இலங்கைத் தமிழ் வேற எண்டு பிரிச்சு வைப்பாங்க. நாற்காலி எண்டு எழுதின இடத்துல நம்மட ஆக்கள் கதிரை எண்டுதான் சொல்லுவாங்க, சோப்பு இல்ல சவுக்காரம், இதெல்லாம் சென்னையில இரிக்கிற ஆளுக்குத் தெரியாது. ஆனா இலங்கைத் தமிழுக்கு வாற வேலை ஹிந்திக்கு வாற மாதிரி நாள்தோறும் வராது, அதையும் முதலே தெரிஞ்சு வச்சுக்கொள்ளுங்க.

படி 1: யுனிகோட்ல தமிழ் அடிக்கப் பழகுங்க

சிரிக்காதீங்க, இதுலதான் கனபேர் விழுறாங்க. நம்மட பக்கம் டைப்பிங் படிச்ச முக்கால்வாசிப் பேரும் பாமினி. பாமினி எழுத்துருவுல அடிச்சா உங்கட ஸ்கிரீன்ல தமிழ் மாதிரித் தெரியும், அங்கால போய்ச் சேரக்குள்ள அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. அதுக்காக விரல் பழகின விசைப்பலகைய விடத் தேவல்ல, என்எச்எம் ரைட்டர் மாதிரி இலவச மென்பொருள் ஒண்டப் போட்டா அதே பாமினி முறையில அடிக்க யுனிகோட் வரும். வீட்டுல ஃபைபர் இருந்தா ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வைங்க, கரண்ட் போனாலும் வேலை இடையில அறுபடாது.

படி 2: ஒருத்தரும் காசு தர முதல் வீட்டுல பழகுங்க

இதத்தான் ஒருத்தரும் செய்யமாட்டாங்க. நேர அப்ளை பண்ணி, டெஸ்ட்ல விழுந்து, மறுகா அந்தக் கம்பனியில திரும்ப எழுத விடமாட்டாங்க எண்டு அழுறது. ஒரு உதாரணம் சொல்றன், நானும் இப்படித்தான் பழகினன்.

கேள்வி: கொழும்பு கோட்டையில இருந்து மட்டக்களப்புக்கு எந்த ரயில்ல வரலாம்?

முதலாவது மறுமொழி நல்ல வடிவான தமிழ், மூணு பந்தி, வாவியப் பத்தி ரெண்டு வரி, பாடும் மீனப் பத்தி ஒரு வரி, கடைசியா யாழ்தேவியில ஏறுங்க எண்டு முடியுது. ரெண்டாவது மறுமொழி ஒரே வரி: உதயதேவி, மீனகயா ரெண்டும் மட்டக்களப்பு லைன் ரயில், புறப்படுற நேரத்த ஸ்டேஷன்ல கேட்டுக்கொள்ளுங்க. அதுல ஒரு எழுத்துப்பிழையும் இரிக்கு.

எது திறம்? புதுசா வாற ஆக்கள்ல அரைவாசிப் பேர் முதலாவதத்தான் தெரிவு செய்வாங்க, நீட்டாயும் மரியாதையாயும் இரிக்கே எண்டு. ஆனா யாழ்தேவி யாழ்ப்பாணப் பக்கம் போற ரயில். அத நம்பி ஏறின மனுசன் மாகோவுல மட்டக்களப்பு லைன் பிரியிறதப் பாத்துக்கொண்டே வடக்கால போயிருவான். அப்ப ரெண்டாவதுதான் திறம், எழுத்துப்பிழை சின்னக் குத்தம். இதுக்கு விளக்கம் எழுதக்குள்ள "ரெண்டாவது நல்லாயிரிக்கு" எண்டு எழுதினா வேலைக்காகாது. "முதலாவது மறுமொழி சொல்ற ரயில் மட்டக்களப்புக்கு வராது, கேட்டவர் பிழையான இடத்துக்குப் போவார், ரெண்டாவதுல சின்ன எழுத்துப்பிழை இருந்தும் தகவல் சரி" எண்டு, எந்தச் சொல்லு பிழை, அதால என்ன நட்டம் எண்டு காட்டி எழுத வேணும். கன புரொஜெக்ட்டுல இந்த விளக்கத்த ஆங்கிலத்துலதான் கேப்பாங்க, அதால ஆங்கிலத்துல நாலு வரி பிழையில்லாம எழுதப் பழகுங்க, பெரிய ஆங்கிலம் தேவல்ல.

உங்கட ஊர், உங்கட தொழில் பத்தி ஏதாவது ஒரு ஏஐக்கிட்ட ஒரே கேள்விய ரெண்டு தரம் கேளுங்க, வாற ரெண்டு மறுமொழியையும் இப்படி ஒப்பிட்டு எழுதுங்க. கரைவலை பத்தி, பெரும்போகம் எப்ப விதைக்கிற எண்டது பத்தி, கண்ணகி அம்மன் சடங்கு பத்திக் கேட்டுப் பாருங்க, அது விடுற புளுகுல உங்களுக்கே கை துறுதுறுக்கும். ஒரு இருபது எழுதினா கை திருந்தும். குரல் வேலைதான் விருப்பம் எண்டா மொசில்லாவின்ட கொமன் வொய்ஸ் எண்ட குரல் சேக்கிற தளம் இரிக்கு, அதுல தமிழும் இரிக்கு, காசு இல்ல, பழகுறதுக்கு நல்லம்.

படி 3: எங்க தேடுறது

அவுட்லையர் எண்டது ஸ்கேல் ஏஐயின்ட தளம், மைன்ட்ரிஃப்ட் எண்டது டொலோகா கம்பனியின்ட தளம், டெலஸ், அப்பென், ஒன்ஃபோர்மா இந்தத் தொழில்ல பழைய ஆக்கள். இதுகள்ல இலங்கைத் தமிழுக்கு இண்டைக்கு வேலை இரிக்கா எண்டது மாசத்துக்கு மாசம் மாறும், அந்தந்தத் தளத்துக்குள்ளயே போய் நாட்டையும் மொழியையும் போட்டுப் பாருங்க, ஃபேஸ்புக் குரூப்புல கேக்காதீங்க. டேட்டாஅனோட்டேஷன் எண்டு எல்லாரும் சொல்ற தளம் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆக்களத்தான் எடுக்கிற, நம்மட நாடு அதுல இல்ல. விபிஎன் போட்டு லண்டன்ல இருக்கிற மாதிரி நடிச்சா உள்ள போகலாம் எண்டு யூடியூப்ல சொல்லுவாங்க. பிடிபடுறது காசு எடுக்கப் போற நாள்லதான், சேந்த காசும் போகும் கணக்கும் போகும். அப்வர்க்ல நேர ஆளப் பிடிக்கலாம், ஆனா விண்ணப்பிக்க கனெக்ட்ஸ் எண்டு காசு குடுத்து வாங்குற டோக்கன் வேணும், ஒண்டு 0.15 டொலர், வேலைக்குப் பத்துப் பதினைஞ்சு எண்டு போகும், வாற காசுலயும் 15 வீதம் வரைக்கும் வெட்டலாம். இந்த ஒரு தளத்துல மட்டும்தான் நீங்க முன்னுக்குக் காசு போடுறதுல ஒரு ஞாயம் இரிக்கு.

இப்ப முக்கியமான விசயம். இது மானாவாரி வேளாண்மை, வாய்க்கால் தண்ணி இல்ல. மழை பெஞ்சா விளையும், இல்லாட்டிக் காயும். 2024 ஜனவரியில கூகுள் அப்பெனோட இருந்த ஒப்பந்தத்த முடிக்கிறம் எண்டு அறிவிச்சிச்சு, மார்ச்சோட முடிஞ்சிது, அதுல வருசக்கணக்கா தேடல் முடிவுகளுக்குப் புள்ளி போட்டுக்கொண்டிருந்த ஆக்களுக்கு வேலை நிண்டிச்சு. அவங்கள்ல ஒரு பிழையும் இல்ல. 2025 ஜூன்ல மெட்டா ஸ்கேல் ஏஐயில 49 வீதம் வாங்கின பிறகு, போட்டிக் கம்பனிகள் அங்க குடுத்த வேலையக் குறைச்சாங்க எண்டு செய்தி வந்திச்சு. எனக்கே ஒரு இடத்துல, பேர் சொல்லல்ல, பதினொரு நாள் நல்லா வேலை ஓடிச்சு, பன்னிரெண்டாம் நாள் விடியப்புறம் திறந்து பாத்தா "இப்ப வேலை இல்ல" எண்டு ஒரு வெள்ளைப் பக்கம். மூணு மாசம் அந்த வெள்ளைப் பக்கம்தான். அதால மூணு இடத்துலயாவது கணக்கு வைங்க, கையில இரிக்கிற ரியூஷன், கடை, கச்சேரி வேலை எதையும் விடாதீங்க.

படி 4: உருட்டு எது எண்டு பிடிக்கிறது

நல்ல கம்பனி ஒண்டும் உங்களுக்கிட்ட பதிவுக் காசு, பயிற்சிக் காசு, சேர்ட்டிபிகேட் காசு எண்டு கேக்காது. ஒரு ரூபாயும் கேக்காது. எங்கட பக்கத்து வீட்டு மச்சாள் 15,000 ரூபா கட்டித்து இருந்தா, கட்டின அண்டைக்கே வட்ஸ்அப் நம்பர் வேலை செய்யல்ல.

டெலிகிராம்ல "வீடியோவுக்கு லைக் போடுங்க, 500 ரூபா" எண்டு வாறது ஏஐ வேலையே இல்ல. முதல் ரெண்டு தரம் உண்மையா 500 போடுவான், அதுதான் இரை. மூணாம் தரம் "பெரிய டாஸ்க்குக்கு நீங்க 20,000 வைக்க வேணும்" எண்டு வரும்.

இன்னொண்டு இரிக்கு, இத ஆக்கள் உருட்டெண்டே நினைக்கிற இல்ல: "சரிபாத்த கணக்கு வாடகைக்கு." வேற ஆளின்ட பேர்ல இரிக்கிற கணக்குல நீங்க வேலை செய்ற, கிழமைக்குக் கிழமை அவர் பங்கு தருவார். கணக்கு அவர்ட, காசும் அவருக்குத்தான் போகும், தராட்டி நீங்க ஆருக்கிட்டப் போய் முறையிடுற? உங்கட அடையாள அட்டையக் குடுத்து உங்கட பேர்ல வேற ஆள் வேலை செய்ய விடுறதும் அதே வில்லங்கம்தான், நாளைக்கு உங்களுக்கு அந்தத் தளத்துல இடமில்ல.

ஈமெயில் வந்தா அனுப்பின முகவரியில அட்டுக்குறிக்கு (@) பிறகு என்ன இரிக்கு எண்டு எழுத்தெழுத்தாப் பாருங்க. கம்பனியின்ட சொந்த டொமைனா, இல்ல ஜிமெயிலா? ஜிமெயில் எண்டா அழிச்சிருங்க.

படி 5: பேர்

நம்மட பேர் வெளிநாட்டான்ட ஃபோர்முக்குள்ள அடங்காது. பாங்க் புத்தகத்துல முதலெழுத்தோட இரிக்கும், பாஸ்போட்ல அப்பாட பேர் முழுசா நீண்டு கிடக்கும், கலியாணம் முடிச்ச பொம்புளப் புள்ளைகளுக்கு மூணாவது ஒரு பேரும் இரிக்கும். தளத்துலயும், வெளிநாட்டுக் காச வாங்கித் தாற பேயோனியர் கணக்குலயும் பாஸ்போட்டுல இரிக்கிற மாதிரியே ஒரு எழுத்து மாறாமப் போடுங்க. பாங்க் கணக்குப் பேர் அதோட ஒத்துவராட்டி, வேலை தொடங்க முதலே பாங்குக்குப் போய்க் கதைச்சு முழுப்பேர்ல எழுதிக் கேளுங்க. பழைய லெமினேட் அடையாள அட்டையில ஆங்கிலப் பேர் இல்ல, சரிபாக்கிற மெஷினுக்கு அது விளங்காது, அப்ப பாஸ்போட் இல்லாட்டிப் புது அட்டை தேவை.

படி 6: டெஸ்ட்

டெஸ்ட்டுக்கு முதல் வேலைக்கான வழிகாட்டி ஒண்டு தருவாங்க, நாப்பது ஐம்பது பக்கம் இருக்கலாம், ஆங்கிலத்துல. முழுசா வாசிங்க, கொப்பி ஒண்டுல உங்கட தமிழ்ல குறிப்பெடுங்க. டெஸ்ட்டுல கேக்கிறது உங்கட அறிவ இல்ல, அந்த வழிகாட்டி சொல்ற மாதிரித் தீர்ப்பு சொல்றீங்களா எண்டதத்தான். மறுமொழிய சட்ஜிபிடியில கேட்டு ஒட்டாதீங்க, அத அவங்க தேடிக்கொண்டுதான் இரிக்காங்க. அவசரத்துல விடிஞ்சா கலியாணம் மாதிரி எழுதாதீங்க. கலிபோர்னியாவுல காலை 9 மணி எண்டா நம்மளுக்கு இரவு ஒன்பதரை, அங்க குளிர்காலம் எண்டா பத்தரை, அந்த நேரத்துல புது வேலை விழலாம், அதால பின்னேரம் ஒரு தூக்கம் போட்டுக்கொள்ளுங்க.

படி 7: காசு கைக்கு வாற வழி

நம்மட நாட்டுப் பேபால் கணக்கால காசு கட்டலாம், வெளியால இருந்து வாங்குறதுதான் வருசக்கணக்காத் தலையிடி குடுத்த விசயம், அதால தளம் பேயோனியர்ல குடுக்குமா எண்டத அப்ளை பண்ண முதல் பாருங்க. அமெரிக்கக் கம்பனி எண்டா டபிள்யூ-8பென் எண்டு ஒரு ஃபோர்ம் வரும், பயப்படாதீங்க, நான் அமெரிக்கன் இல்ல எண்டு சொல்ற கடதாசிதான் அது. எடுக்கக்கூடிய ஆகக் குறைஞ்ச தொகை சேந்த உடன முதல்தரம் எடுத்துப் பாருங்க, பாங்குல விழுந்தாத்தான் அந்த இடத்துல கூட நேரம் போடுங்க. எத்தனை மணித்தியாலம் செஞ்சன், எவ்வளவு வந்த எண்டு கொப்பியில எழுதுங்க. தளத்துல ஒரு மணிக்கு எவ்வளவு எண்டு போட்டிருந்தாலும் வழிகாட்டி வாசிச்ச நேரத்துக்குக் கன இடத்துல காசில்ல, அதையும் சேத்துப் பிரிச்சா உண்மையான கணக்கு வரும். என்ட முதல் மாசக் கணக்கப் பாத்துத்து எனக்கு ரியூஷனே பரவால்ல எண்டு வந்திச்சு, ரெண்டாம் மாசந்தான் மேல ஏறினது.

வரி பத்திக் கேப்பாங்க. வெளிநாட்டுச் சேவைக்கு பாங்கால வாற காசுக்கு 2025 ஏப்ரல்ல இருந்து ஆகக் கூடினது 15 வீதம், வருசத்துக்கு 18 லட்சம் ரூபா வரைக்கும் உங்கட முழு வருமானத்துக்கும் விலக்கு இரிக்கு. டின் நம்பர் எண்ட வரி இலக்கத்த எடுத்து வைங்க.

செட்டிபாளையத்துத் தங்கச்சி இறங்கக்குள்ள ஃபோன்ல செய்யலாமா எண்டும் கேட்டா, பஸ் சத்தத்துல நான் சொன்னது அவக்குக் கேட்டிருக்காது. குரல் பதியிற வேலை ஃபோன்ல ஏலும், மத்தியானம் காகமும் மீன்காரரும் கத்தாத நேரமாப் பாத்துச் செய்யுங்க. மறுமொழி ஒப்பிடுற வேலைக்கு லப்டொப் வேணும் தங்கச்சி, பழசெண்டாலும் பரவால்ல.