டேப்பையும் எடுங்கள், அம்மாவையும் கூட்டிப்போங்கள்: புது செடானை அதன் போட்டி வண்டிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

2023 மார்ச்சில் ஹூண்டாயின் புது வெர்னா செடான் வந்த சூட்டோடு அத்தான் போன் செய்தார். "மச்சான், வண்டி பாத்தாச்சு. கறுப்பு கலர். புக் பண்ணட்டா?"

ஷோரூமில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு சாயா குடிக்கிற நேரம்."

அத்தானுக்கு வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். மெயின் ரோட்டிலிருந்து ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒரு செம்மண் ஏற்றம் ஏறினால்தான் முற்றம் வரும். பார்த்த வண்டியோ நாகர்கோவிலில், பளபளக்கும் டைல்ஸ் தரையில் நின்ற வண்டி. அது நல்ல வண்டியாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஏற்றத்துக்கு நல்ல வண்டியா என்பது வேறு கேள்வி. அடுத்த இரண்டு வாரம் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் நாங்கள் செய்தது இதுதான். முதல் முறை கார் வாங்குகிறவர்களும் செய்யலாம், மெக்கானிக் அறிவு வேண்டியதில்லை. ஒரு நோட்டு, ஒரு அளவு டேப், வீட்டு ஆட்கள் போதும்.

முதல் படி: யார் யாருக்குப் போட்டி?

மிட்சைஸ் செடான் என்றால் டிக்கி பின்னால் தனியாக நீளும் நடுத்தர அளவு கார்: ஏறக்குறைய நாலரை மீட்டர் நீளம், ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் எஞ்சின். ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஸ்கோடா ஸ்லேவியா, ஃபோக்ஸ்வாகன் வெர்ட்டஸ் ஆகியவை ஒரே பந்தியில் உட்காருகிறவை. மாருதி சியாஸும் இதே கூட்டம்தான், 2025-ல் நிறுத்திவிட்டார்கள். டிசையர், அமேஸ் போன்ற நாலு மீட்டருக்குள் அடங்கும் வண்டிகளை இதில் சேர்க்காதீர்கள். வரியே வேறு.

ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். ஸ்லேவியாவும் வெர்ட்டஸும் அண்ணன் தம்பி. அடித்தளம் ஒன்று, எஞ்சின்கள் ஒன்று, 521 லிட்டர் டிக்கியும் ஒன்று. ஒன்றை ஓட்டிப் பார்த்தால் மற்றதன் எஞ்சினும் புரிந்துவிடும். அழகு, சீட், விலை, பக்கத்தில் சர்வீஸ் இருக்கிறதா என்பதை வைத்துக் கடைசியில் ஒன்றைத் தேர்ந்தால் போதும்.

இரண்டாம் படி: உங்கள் ரோட்டை எழுதுங்கள்

வண்டியைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதற்கு முன் இது. மாதத்தில் எங்கெல்லாம் போகிறீர்கள், எத்தனை பேர், என்ன சுமை? அத்தானின் பக்கம் இப்படி இருந்தது: தினமும் வீட்டு ஏற்றம். வாரம் மூன்று நாள் மார்த்தாண்டம், மேம்பாலத்துக்கு மேலே அல்ல, கீழே கடைத்தெருவில். மாதம் இரண்டு முறை ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலி. எப்போதாவது முட்டம் கடற்கரை. பெரும்பாலும் நாலு பேர், கல்யாணம் காட்சி என்றால் ஐந்து.

இதைப் பார்த்ததுமே, வெர்னாவின் 160 குதிரைத்திறன் டர்போ எஞ்சினுக்கு (காற்றை அழுத்தி உள்ளே தள்ளி வலு கூட்டும் வகை) இவர் ரோட்டில் எத்தனை கிலோமீட்டர் வேலை இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அவர் முகம் கொஞ்சம் வாடியது உண்மை.

மூன்றாம் படி: வண்டியை அல்ல, வேரியன்ட்டை ஒப்பிடுங்கள்

வேரியன்ட் என்றால் ஒரே வண்டியில் விலையும் வசதியும் மாறும் வகைகள். ஆரம்பத்தில் எல்லாரும் தவறுவது இங்கேதான். ஒரு வண்டியின் ஆரம்ப விலையையும் இன்னொரு வண்டியின் டாப் மாடல் வசதிகளையும் மனதுக்குள் கலந்து வைத்துக்கொள்வோம். அப்படி ஒரு வண்டி எந்தக் கடையிலும் கிடைக்காது. உங்கள் கைக்காசுக்கு ஒவ்வொரு கம்பெனியிலும் எந்த வேரியன்ட் வருகிறதோ, அந்த நாலை மட்டும் எழுதுங்கள்.

விலை என்றால் ஆன்ரோடு விலை, அதாவது வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து வண்டி ரோட்டில் இறங்கும் விலை. 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்கு மேற்பட்ட இந்த வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். முன்பு 28 சதவீதத்தோடு செஸ் என்ற கூடுதல் வரி 17, ஆக 45. இது ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கிவிடும். அதற்கு மேல் தமிழ்நாட்டுச் சாலை வரி: 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். 14 லட்சம் வண்டிக்கு 2,52,000 ரூபாய். எல்லைக்கோட்டில் நிற்கும் வண்டியைக் கவனியுங்கள். 9.9 லட்சத்துக்கு வரி 1,28,700. விலை இருபதாயிரம் கூடி 10.1 லட்சம் ஆனால் வரி 1,81,800. அந்த இருபதாயிரத்துக்குள் ஒரு நல்ல ஸ்டீரியோ இருக்கிறது என்று சேல்ஸ்காரர் சொல்வார். அது எழுபதாயிரத்துக்கு மேல் விலையுள்ள ஸ்டீரியோ.

10 லட்சத்துக்கு மேல் போனால் ஒரு சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்ப எடுக்கக்கூடிய பணம், செலவாக எழுத வேண்டாம். இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருடத்துக்குக் கட்டாயம். உங்கள் வண்டியின் சேதத்துக்கான மற்ற பகுதியை வெளியிலும் விலை கேட்கலாம், ஷோரூம் சொல்வதையே எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

நான்காம் படி: டேப்

முதலில் வீட்டுக் கேட், போர்ச், வளைவு. நான்கு வண்டிகளும் நீளத்தில் சில சென்டிமீட்டர்தான் வேறுபடும். ஆனால் பழைய ஓட்டு வீட்டின் முற்றத்தில் அந்தச் சில சென்டிமீட்டர்தான் கேட் மூடுமா மூடாதா என்பதைத் தீர்மானிக்கும். கண்ணாடிகளை விரித்த அகலத்தையும் அளங்கள்.

அப்புறம் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளி. ஸ்லேவியாவுக்கு 179 மி.மீ., சிட்டிக்கு 165 மி.மீ. என்று காகிதத்தில் இருக்கும். இதைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். ஐந்து பேர் ஏறினால் எல்லா வண்டியும் இறங்கும், ஒன்று கொஞ்சமாக, ஒன்று நிறைய. இன்னொன்று, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரம். அது நீளமாக இருந்தால் உள்ளே கால் நீட்ட இடம் கிடைக்கும், ஆனால் மேட்டில் ஏறும்போது வண்டியின் நடு வயிறு தட்டும் வாய்ப்பும் கூடும். வெர்னாவுக்கு இது 2,670 மி.மீ., சிட்டிக்கு 2,600. உயரத்தில் பின்தங்கிய சிட்டி, இந்தக் கணக்கில் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. வீட்டு ஏற்றத்தில் ஏற்றிப் பார்ப்பது ஒன்றுதான் இதற்குத் தீர்ப்பு.

ஐந்தாம் படி: ஓட்டாமல் உட்காருங்கள்

வீட்டில் வயதானவர் யாரோ அவர்தான் இந்தப் படிக்கு நீதிபதி. எங்கள் அம்மைக்கு (எங்கள் பக்கத்தில் அம்மாவை இப்படித்தான் சொல்வோம்) முட்டுவலி. செடான் எல்லாமே தாழ்வு, அதில் ஒளிக்க எதுவும் இல்லை. ஆனால் எது எவ்வளவு தாழ்வு, கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, சரிந்த கூரை தலையில் இடிக்கிறதா என்பதெல்லாம் வண்டிக்கு வண்டி மாறும். ஒரு வண்டியில் ஏறிவிட்டு அம்மை சொன்னது: "குழிக்குள்ள எறங்குன மாதிரி இருக்கு மக்கா." நோட்டில் அப்படியே எழுதினேன். இறங்கும்போது எதைப் பிடித்து எழுந்தார் என்பதையும்.

பின் சீட்டில் மூன்று பெரியவர்களை உட்கார வைத்து, நடுவில் இருப்பவரிடம் பத்து நிமிடம் கழித்துக் கேளுங்கள். கால் வைக்கும் இடத்தில் நடுவே மேடு இருந்தால் அவர் சொல்லாமலே தெரியும்.

டிக்கி: வெர்னாவில் 528 லிட்டர், சிட்டியில் 506. இந்த 22 லிட்டரைப் பற்றி யோசித்துத் தூக்கம் கெடுக்காதீர்கள். வாய் எவ்வளவு அகலம், சாக்கை எவ்வளவு உயரம் தூக்கிப் போட வேண்டும் என்பதுதான் விஷயம். நாங்கள் ஒரு ஏத்தன் (நேந்திரன்) வாழைக்குலையை வண்டியோடு கொண்டு போயிருந்தோம். ஷோரூம் பையன் சிரித்தான், ஆனால் தடுக்கவில்லை, அடியில் பேப்பர் விரித்துத் தந்தான். குலையைச் சாய்க்காமல் ஒரே வீச்சில் உள்ளே வைக்க முடிந்த வண்டிக்கு முழு மதிப்பெண். சிட்டி ஹைப்ரிட் (பெட்ரோலோடு மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் வகை) பார்ப்பவர்கள் டிக்கியைக் கட்டாயம் திறந்து பாருங்கள், பேட்டரி அங்கே இடம் பிடித்திருக்கும்.

ஆறாம் படி: ஒரே ரோடு, ஒரே ஆட்கள், முடிந்தால் ஒரே நாள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. ஷோரூமில் போய் டெஸ்ட் டிரைவ் கேட்டால் வெட்டூர்ணிமடம் வரை போய்த் திரும்பி வரச் சொல்வார்கள். அதில் ஹாரன் நன்றாக அடிக்கிறதா என்பது மட்டுமே தெரியும். அதற்குப் பதிலாக, வீட்டுக்கே வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெரும்பாலான ஷோரூம்கள் சம்மதிக்கும். லைசென்ஸ் கையில் இருக்கட்டும். நீங்கள் வாங்கப்போகும் எஞ்சினும் கியர்பாக்ஸும் உள்ள வண்டிதான் வர வேண்டும் என்று முன்கூட்டியே உறுதி செய்யுங்கள். மேனுவல் வாங்குகிறவருக்கு ஆட்டோமேட்டிக்கை ஓட்டத் தந்து அனுப்புவது சாதாரணமாக நடக்கிறது.

ஏற்றம். முழு ஆட்களோடு, ஏசி போட்டபடி, பாதி ஏற்றத்தில் நிறுத்துங்கள். பிரேக்கை விட்டு மறுபடி கிளப்புங்கள். எஞ்சினின் குணம் இங்கே நிர்வாணமாகத் தெரியும். காரணம், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது முழு இழுவிசையும் கிடைக்கிறது என்பது. சிட்டியின் ஒன்றரை லிட்டர் எஞ்சின் தன் முழு 145 நியூட்டன் மீட்டரையும் தருவது 4,300 சுற்றில். ஸ்லேவியாவின் ஒரு லிட்டர் டர்போ 178 நியூட்டன் மீட்டரை 1,750 சுற்றிலேயே தந்துவிடுகிறது. அதனால் சின்ன எஞ்சின் என்று ஒதுக்கியது ஏற்றத்தில் சளைக்காமல் ஏறும், பெரியதை ஆக்சிலேட்டர் மிதித்து உறும விட வேண்டியிருக்கும். ஆனால் டர்போவும் சுற்று ஏறும்வரை ஒரு நொடி தயங்கும். அந்தத் தயக்கம் உங்களுக்குப் பழகுமா என்று பாருங்கள்.

எங்கள் சோதனையில் ஒரு வண்டி அந்த ஏற்றத்தின் முடிவில் 'கரக்' என்று வயிற்றைத் தேய்த்தது. எது என்று சொல்லப்போவதில்லை, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு நேராக ஏற்றியது என் தப்பு. கூட வந்த சேல்ஸ்காரர் இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை கொஞ்சம் கோணலாக ஏற்றினோம், தட்டவில்லை.

நெரிசல். மார்த்தாண்டம் சந்தை நேரத்தில் ஊர்ந்து பாருங்கள். மேனுவல் என்றால் இடது கால் சொல்லும். ஆட்டோமேட்டிக்கில் மூன்று ஜாதி. கியர் படிகளே இல்லாத சிவிடி வழுக்கிக்கொண்டு போகும், அவசரமாக மிதித்தால் சத்தம் முன்னே போய் வண்டி பின்னே வரும். ஸ்லேவியா ஒரு லிட்டரில் உள்ள டார்க் கன்வெர்ட்டர் (எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் வகை) ஊர்ந்து போவதற்கு இதமானது. இரட்டை கிளட்ச் வகை திறந்த ரோட்டில் சுறுசுறுப்பு, ஆனால் ஏற்றத்தில் அங்குலம் அங்குலமாக நகரும்போது தடுமாறும், கிளட்ச் சூடும் ஏறும். தினமும் சந்தையில் ஊர்கிறவருக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

காற்று. இது நம் மாவட்டத்தின் தனிச் சோதனைக்கூடம். ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே, ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கிற பக்கக்காற்றில் நாற்கரச் சாலையில் 90-ல் போய்ப் பாருங்கள். ஸ்டீயரிங்கை எத்தனை முறை திருத்த வேண்டியிருக்கிறது? பின் சீட்டில் இருப்பவர் சாதாரணக் குரலில் பேசினால் கேட்கிறதா?

ஏழாம் படி: மைலேஜ்

கம்பெனிகள் சொல்லும் அராய் (ARAI) மைலேஜ் எண்கள் ஆய்வகத்தில், உருளைகளின் மேல் வண்டியை ஓட்டி எடுப்பவை. அதில் மார்த்தாண்டம் இல்லை. 2023 வெர்னாவில் 115 குதிரைத்திறன் மேனுவலுக்கு லிட்டருக்கு 18.6 கி.மீ., அதைவிட எவ்வளவோ வலுவான டர்போ ஆட்டோமேட்டிக்குக்கு 20.6 என்று இருந்தது. டர்போவை டர்போபோல ஓட்டினால் அந்த எண் எங்கே நிற்கும் என்று ஓட்டியவர்களைக் கேளுங்கள். இதே வண்டி வைத்திருக்கும் ஒருவர் ஃபுல் டேங்க் அடித்து, ஓட்டி, மறுபடி ஃபுல் டேங்க் அடித்துக் கணக்குப் போட்டிருந்தால், அந்த ஒரு எண் பத்து விளம்பரத்துக்குச் சமம்.

எட்டாம் படி: பாதுகாப்பு

நட்சத்திரத்தோடு நிற்காமல் அறிக்கையைத் திறங்கள். வண்டியை மோதவிட்டுப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் ஸ்லேவியா, வெர்ட்டஸ் இரண்டும் 2023 ஏப்ரலில் ஐந்து நட்சத்திரம் வாங்கின. வெர்னாவும் அதே வருடம் அக்டோபரில் ஐந்து வாங்கியது. ஆனால் முதல் இரண்டின் உடற்கூடு உறுதியானது என்றும் வெர்னாவுடையது உறுதியற்றது என்றும் அறிக்கை பிரித்துச் சொன்னது. நட்சத்திரம் ஒன்று, உள்ளே இருக்கும் சேதி வேறு. புது மாடலில் சிக்கல் என்னவென்றால், நாங்கள் அலையத் தொடங்கிய மார்ச்சில் இதில் ஒரு அறிக்கையும் வந்திருக்கவில்லை.

தானாகப் பிரேக் பிடிக்கும் ஏடாஸ் வசதி சிட்டியிலும் வெர்னாவிலும் மேல் வேரியன்ட்களில் வந்தது, மற்ற இரண்டில் அப்போது இல்லை. திருநெல்வேலி ரோட்டில் உதவும். சந்தைக்குள் ஆட்டோ குறுக்கே புகும்போதெல்லாம் அலறும். எடுக்கிறவர்கள் முன் கண்ணாடி உடைந்தால் மாற்றவும் கேமராவைச் சீர்செய்யவும் எவ்வளவு ஆகும் என்று சர்வீஸ் சென்டரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கூடவே பம்பர் விலை, அடிப்பாகத் துருத்தடுப்புப் பூச்சு விலை. மணக்குடி, முட்டம் பக்கம் வீடு உள்ளவர்களுக்குப் பூச்சு ஆடம்பரம் அல்ல, உப்புக்காற்று சும்மா விடாது.

ஒன்பதாம் படி: மதிப்பெண்

ஒவ்வொரு விஷயத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று போட்டு, அது உங்களுக்கு எவ்வளவு முக்கியமோ அந்த எண்ணால் பெருக்குங்கள். அத்தான் ஏற்றத்துக்கு 5, பின் சீட்டுக்கு 4, வேகத்துக்கு 1 என்று வைத்தார். 1 என்று எழுத அவருக்கு ஒரு நாள் பிடித்தது. அக்கா தனி நோட்டில், அவர் எழுதியதைப் பார்க்காமல் போட்டாள். இரண்டு நோட்டிலும் முதலிடம் ஒரே வண்டிக்கு வந்தது, அத்தான் முதலில் சொன்ன வண்டி அல்ல. இரண்டு வண்டி சமமாக வந்துவிட்டால் இரவில் ஒருமுறை இரண்டையும் ஓட்டுங்கள். ஹெட்லைட் வெளிச்சம் ரப்பர் தோட்டத்து இருட்டில்தான் தெரியும்.

பணம் முழுவதும் கட்டும் முன் உங்களுக்கு ஒதுக்கிய வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம் செய்த டயர். ஐந்து டயரிலும் பாருங்கள், ஸ்டெப்னியை மறக்க வேண்டாம். வண்டி தயாரான மாதத்தையும் கேட்டு வாங்குங்கள். பெயின்ட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சாய்வாகப் பார்த்தால் கீறல் தெரியும். கறுப்பில் எல்லாமே தெரியும். ஆமாம், கலரை மட்டும் அத்தான் விட்டுக்கொடுக்கவில்லை. செம்மண் ஏற்றத்தில் ஏறி இறங்குகிற அந்தக் கறுப்பு வண்டியை வாரம் மூன்று முறை கழுவிக்கொண்டிருக்கிறார்.