கம்யூனிட்டி காலேஜில் உயிரியல் படிக்க விரும்புகிறீர்களா? வேதியியலிலிருந்து தொடங்குங்கள்

ஊரில் வேறொரு பட்டம் வாங்கிவிட்டு, கலிஃபோர்னியாவுக்கு வந்தபின் உயிரியல் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தமிழ்நாட்டில் இயற்பியல் பி.எஸ்சி. படித்தவள், வேதியியல் துணைப்பாடம். இங்கே பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களைக் குறைந்த கட்டணத்தில் தரும் பொதுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் உயிரியலுக்கான பாடங்களை முடித்து, பிறகு யுசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறினேன். இந்தப் படிப்பை யாரும் குறைவாக எண்ண வேண்டாம். மனித மரபணுத்தொகுதியை வாசித்தவர்களில் ஒருவரான கிரெய்க் வென்டர், வியட்நாம் போரிலிருந்து திரும்பியபின் தொடங்கிய இடம் சான் மாட்டியோ கம்யூனிட்டி காலேஜ்தான்.

இணையத்தில் விண்ணப்பம் நிரப்புவதற்கெல்லாம் விளக்கம் தேவையில்லை. கம்யூனிட்டி காலேஜ்களுக்கான பொது விண்ணப்பத் தளமான சிசிசி அப்ளையில் இலவசமாகவே முடித்துவிடலாம். மாநிலத்தில் இப்படி 116 கல்லூரிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான்.

படி 1: முதலில் வசிப்பிடம்

கட்டணம் முழுவதும் இதைப் பொறுத்தது. கலிஃபோர்னியாவில் வசிப்பவர் என்று கல்லூரி ஏற்றுக்கொண்டால், செமஸ்டர் முறைக் கல்லூரிகளில் ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) 46 டாலர். ஏற்றுக்கொள்ளாவிட்டால் அதே யூனிட்டுக்குப் பல மடங்கு கட்ட வேண்டும். பருவம் தொடங்கும் நாளுக்கு முன் ஓராண்டும் ஒரு நாளும் இங்கே வசித்திருக்க வேண்டும்; தொடர்ந்து இங்கேயே இருக்கும் எண்ணத்தைக் காட்டும் சான்றுகளும் வேண்டும். ஓட்டுநர் உரிமம், மாநில வருமான வரிப் படிவம், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். எச்-1பி என்னும் வேலை விசாவிலோ, அவர்களின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவிலோ இருப்பவர்கள் இந்த ஓராண்டைக் கணக்கில் காட்டலாம். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர்களும் சுற்றுலா விசாவில் வந்தவர்களும் காட்ட முடியாது. எச்-4 விசாவில் இருப்பவர் படிப்பதற்காக விசா மாற்ற வேண்டியதில்லை. இதைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

சேர்ந்தவுடன் அறிமுக வகுப்பையும் ஆலோசகருடன் போடும் கல்வித் திட்டத்தையும் முடித்துவிடுங்கள். அவற்றை முடித்த புதிய மாணவர்களுக்குப் பாடப் பதிவில் முன்னுரிமை கிடைக்கும். ஆய்வகப் பாடங்களில் இடம் மிகக் குறைவு என்பதால் இந்த முன்னுரிமையின் மதிப்பு அதிகம்.

படி 2: எந்த உயிரியல் என்று பாருங்கள்

பாடப் பட்டியலில் உயிரியல் என்ற பெயரில் பல வகுப்புகள் இருக்கும். ஒரு வகை, வேறு துறை மாணவர்கள் பொதுக்கல்வித் தேவைக்காகப் படிப்பது. இன்னொரு வகை, உயிரியலையே முதன்மைப் பாடமாகக் கொண்டவர்களுக்கான தொடர். செமஸ்டர் கல்லூரிகளில் பெரும்பாலும் இரண்டு பாடங்கள், குவார்ட்டர் கல்லூரிகளில் மூன்று. முதல் வகை எளிதாக இருக்கும், நன்றாகவும் இருக்கும். ஆனால் உயிரியல் பட்டத்துக்கு அது கணக்கில் வராது. பாட விவரத்தில் வேதியியல் முன்தகுதியாகக் கேட்கப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் நமக்கான தொடர்.

உறுதிசெய்ய ஒரே இடம் அசிஸ்ட் என்னும் அதிகாரபூர்வத் தளம். உங்கள் கல்லூரி, போக விரும்பும் பல்கலைக்கழகம், முதன்மைப் பாடம் ஆகிய மூன்றையும் கொடுத்தால், அங்கே கேட்கும் பாடம் ஒரு பக்கமும் அதற்கு ஈடாக உங்கள் கல்லூரியில் உள்ள பாடம் மறுபக்கமும் வரும். ஒரு தொடரின் பாடங்களுக்கு நடுவே ‘மற்றும்’ என்ற இணைப்பு இருந்தால், அத்தனையையும் முடித்தால்தான் ஈடு. அப்படிப்பட்ட தொடரைப் பாதியில் விட்டுவிட்டு வேறு கல்லூரிக்குப் போகாதீர்கள். நண்பர் சொன்னதையோ பழைய அட்டவணையையோ நம்ப வேண்டாம். உங்கள் கல்வியாண்டுக்குரிய பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: பின்னாலிருந்து எண்ணுங்கள்

இரண்டு ஆண்டில் முடிக்க நினைப்பவருக்கு நான்கு செமஸ்டர்கள் இருக்கின்றன. யுசியின் பல உயிரியல் துறைகள் கரிம வேதியியலையும் கேட்கின்றன. கரிம வேதியியல் இரண்டாம் பாகத்தைப் படிக்க முதல் பாகம் வேண்டும். முதல் பாகத்துக்குப் பொதுவேதியியல் இரண்டாம் பாகம் வேண்டும். அதற்குப் பொதுவேதியியல் முதல் பாகம் வேண்டும். எண்ணிப் பாருங்கள், நான்கு செமஸ்டர்களும் நிரம்பிவிட்டன. பொதுவேதியியலுக்கு முன் அறிமுக வேதியியலும் எடுக்க நேர்ந்தால் ஐந்தாகிறது. செல், மூலக்கூறு பற்றிய உயிரியல் பாடமும் பெரும்பாலும் பொதுவேதியியலுக்குப் பிறகுதான். கணிதத்தில் நுண்கணிதமும், அதைத் தொட்டு இயற்பியலும் இன்னொரு சங்கிலியாக ஓடும்.

ஆகவே உயிரியல் மாணவர் முதல் பருவத்தில் எடுக்க வேண்டியது வேதியியலும் கணிதமும். ஆசையாக உயிரியல் வகுப்பைத் தேடிப் பதிவுசெய்துவிட்டு வேதியியலைத் தள்ளிப்போட்டால், கடைசியில் ஓராண்டு கூடுதலாகிவிடும். என் முதல் பருவத்தில் உயிரியலே இல்லை. அதனால்தான் எல்லாம் நேரத்துக்கு முடிந்தது.

விண்ணப்பக் காலத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். இலையுதிர் பருவத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போக, முந்தைய ஆண்டு அக்டோபர், நவம்பரிலேயே யுசிக்கு விண்ணப்பிக்க வேண்டும். டேக் என்னும் உறுதிச் சேர்க்கை ஒப்பந்தம் செப்டம்பர் 1 முதல் 30 வரை. அதை டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் தருகின்றன. அவற்றில் ஒன்றுக்கு மட்டுமே போடலாம்; ஏற்கெனவே பட்டம் பெற்றவருக்கு இது பொருந்துமா என்று முதலில் வளாகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியகோ இதில் இல்லை. விண்ணப்பிக்கும்போது உங்கள் கையில் இருப்பது முதலாண்டு மதிப்பெண்கள் மட்டுமே. உங்களை எடைபோடுவதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

படி 4: ஊர்ச் சான்றிதழை ஏற்கச் செய்வது

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். பலர் மனம் விட்டுப்போவதும் இங்கேதான். ஊரில் கல்லூரி வேதியியல் படித்திருந்தாலும் கல்லூரியின் கணினிக்கு அது தெரியாது. முன்தகுதி இல்லை என்று பதிவைத் தடுத்துவிடும். முதலில் எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று காட்ட வேண்டும். அதற்கு வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். எந்தெந்த நிறுவனங்களின் அறிக்கையை ஏற்பார்கள் என்ற பட்டியல் கல்லூரியின் தளத்திலேயே இருக்கும்.

இங்கே இரண்டு வகை அறிக்கைகள் உண்டு. ஒன்று, உங்கள் பட்டம் அமெரிக்கப் பட்டத்துக்கு ஈடு என்று மட்டும் சொல்லும், விலை குறைவு. மற்றது பாடம் பாடமாகப் பிரித்து யூனிட்டும் தரமும் தரும். முன்தகுதிக்கு இரண்டாவதுதான் செல்லும். வேலை தேடுவதற்காக முதல் வகையை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் அதை நீட்டினால் திருப்பி அனுப்புவார்கள்.

அதோடும் முடியவில்லை. நம் மதிப்பெண் பட்டியலில் ‘துணைப்பாடம்: வேதியியல் 1’ என்றுதான் இருக்கும். அதில் என்ன படித்தோம், ஆய்வகம் எத்தனை மணி நேரம் என்பது இருக்காது. இங்கே ஆய்வகம் இல்லாத வேதியியலை ஏற்பதில்லை. செய்முறைத் தேர்வு தனி வரியில் தனி மதிப்பெண்ணோடு இருந்தால் அதைக் குறியிட்டுக் காட்டுங்கள். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை, நீங்கள் படித்த ஆண்டுக்குரியதையே, பெற்று இணையுங்கள். பழைய பாடத்திட்டம் தளத்தில் இல்லையென்றால் படித்த கல்லூரித் துறையில் கேளுங்கள். எனக்கு ஒரு பேராசிரியர் அலமாரியிலிருந்து எடுத்து ஒளிநகல் அனுப்பினார். அந்த உதவி இல்லாவிட்டால் ஒரு பருவம் போயிருக்கும். பல மதிப்பீட்டு நிறுவனங்கள் மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே முத்திரையிட்ட உறையில் அனுப்ப வேண்டும் என்று கேட்கும். ஊரில் ஒருவர் நேரில் போய் நிற்க வேண்டியிருக்கும். எனவே சேர்வதற்குப் பல மாதங்கள் முன்பே தொடங்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் என் கருத்து: முன்தகுதிக்குச் சான்றிதழைப் பயன்படுத்தி அறிமுக வேதியியலைத் தாண்டுங்கள், பொதுவேதியியலை இங்கே மறுபடியும் படியுங்கள். படித்துப் பத்தாண்டு கழித்துக் கரிம வேதியியலில் நேராக உட்காருவது கடினம். யுசி பார்க்கும் மதிப்பெண்ணும் இங்கே வாங்கியதாக இருக்கும். சில கல்லூரிகளில் வேதியியல் தகுதித் தேர்வு இருக்கிறது. அறிக்கைக்குக் காத்திருப்பதைவிட அதை எழுதுவது விரைவு.

படி 5: காத்திருப்போர் பட்டியல்

வகுப்பு நிரம்பிவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு, முதல் நாள் ஆய்வகத்துக்கு நேரில் போங்கள். வராதவர்களின் பெயரை ஆசிரியர் நீக்கிவிட்டு, வந்து நிற்பவர்களுக்குச் சேர்க்கைக் குறியீடு கொடுப்பார். உங்களுக்கு இடம் உறுதியாகியிருந்தாலும் முதல் ஆய்வகத்தைத் தவறவிடாதீர்கள், அதே விதி உங்களுக்கும்தான்.

வகுப்பு ஒத்துவரவில்லை என்றால் பருவத்தின் தொடக்கத்திலேயே, கல்லூரி அறிவித்த கெடுவுக்குள் விலகுங்கள். பதிவேட்டில் எதுவும் வராது. பிறகு விலகினால், விலகியதைக் குறிக்கும் டபிள்யூ பதிவேட்டில் விழும், அதுவும் ஒரு முயற்சியாக எண்ணப்படும். பொதுவாக ஒரு பாடத்துக்கு மூன்று முயற்சிகள்தான். சி வாங்கித் தேறிவிட்டால் மதிப்பெண்ணை உயர்த்துவதற்காக மறுபடி எடுக்கவும் முடியாது.

படி 6: ஆய்வகம்

ஐந்து யூனிட் என்று பார்த்து வாரம் ஐந்து மணி நேரம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு யூனிட் ஆய்வகம் என்றால் வாரம் மூன்று மணி நேரம். பெரும்பாலும் விரிவுரை மூன்று, ஆய்வகம் ஆறு என வகுப்பறையில் மட்டும் ஒன்பது மணி நேரம் போகும். குழந்தைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டியவர்கள் இதைக் கணக்கிட்டுப் பதிவுசெய்யுங்கள்.

ஆய்வகத்தில் கை பழக வேண்டிய முதல் கருவி, மிகச் சிறிய அளவுத் திரவத்தை அளந்தெடுக்கும் மைக்ரோபிப்பெட். அதன் பொத்தானுக்கு இரண்டு நிறுத்தங்கள் உண்டு. திரவத்தில் நுனியை வைப்பதற்கு முன்பே முதல் நிறுத்தம்வரை அழுத்துங்கள். நுனியைச் சற்றே அமிழ்த்தி, விரலை மெதுவாக எடுங்கள். வெளியேற்றும்போது மட்டும் இரண்டாம் நிறுத்தம்வரை போகலாம். உறிஞ்சும்போது இரண்டாவது வரை அழுத்தியிருந்தால் அளவு கூடிவிடும். டிஎன்ஏ சோதனை ஏன் வரவில்லை என்று கடைசியில் தேடிக்கொண்டிருப்போம். மூன்று இலக்கச் சாளரத்தையும் பார்த்துப் படிக்க வேண்டும். 20 மைக்ரோலிட்டர்வரை அளக்கும் பி20 கருவியில் 150 என்று இருந்தால் அது 15.0 மைக்ரோலிட்டர், 200 வரை அளக்கும் பி200 கருவியில் அதே எண் 150 மைக்ரோலிட்டர். நிறமேற்றிய தண்ணீரில் பழக ஆசிரியர் நேரம் தருவார், அதை முழுவதும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நுண்ணோக்கியில் பெரிய திருகை 4 மடங்கு வில்லையோடு மட்டும் தொடுங்கள். 40 மடங்குக்குப் போனபின் சிறிய திருகு மட்டுமே. இல்லாவிட்டால் வில்லை கண்ணாடியில் மோதும்.

படிக்கும் கருவிகள்

பாடநூலுக்கு ஓப்பன்ஸ்டாக்ஸ் உயிரியல் இரண்டாம் பதிப்பு போதும், இலவசம். விலை உயர்ந்த நூலை ஆசிரியர் கட்டாயமாகக் கேட்டால் மட்டும் நூலகத்தில் இரவல் எடுங்கள். நினைவில் வைக்க, கேள்வி-பதில் அட்டைகளைத் திரும்பத் திரும்பக் காட்டும் ஆங்கி செயலி. பிறர் செய்த அட்டைகளை இறக்காமல், உங்கள் அட்டையை நீங்களே எழுதுங்கள். சிட்ரிக் அமிலச் சுழற்சி போன்றவற்றைத் திரையில் பார்ப்பதில் பயனில்லை. வெள்ளைத் தாளில் நினைவிலிருந்து வரைந்து, விட்டதைச் சிவப்பில் நிரப்புங்கள். நான் தேர்வுக்குப் படித்ததெல்லாம் இப்படித்தான். தமிழ்வழியில் படித்தவர்கள் தமிழ்நாடு அரசின் மேல்நிலை உயிரியல் நூலை இலவசமாக இறக்கி அருகில் வைத்துக்கொண்டால், ஆங்கில விரிவுரை பாதி புரிந்த நிலையில் நின்றுவிடாது.

பின்சேர்க்கை

செவிலியர் படிப்புக்கும் இதே வழியா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். இல்லை. அதற்கு உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் என்று வேறு வரிசை. மேலே சொன்ன உயிரியல் தொடரை எடுத்தால் அங்கே அது இந்தப் பாடங்களுக்கு ஈடாகாது. சில செவிலியர் திட்டங்கள் பல ஆண்டுகள் பழைய அறிவியல் பாடங்களை ஏற்பதில்லை; ஆண்டு வரம்பைச் சேர்க்கைப் பக்கத்தில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

வீட்டிலிருந்தே இணையவழி ஆய்வகம் எடுக்கலாமா என்பது இன்னொரு கேள்வி. கம்யூனிட்டி காலேஜ் அதை நடத்துகிறது என்பதற்காகவே எல்லாத் தொழிற்கல்வித் திட்டங்களும் ஏற்றுக்கொள்ளும் என்று பொருளில்லை. போகவிருக்கும் இடத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள், பதிலை அழிக்காமல் வையுங்கள்.