வலை பொத்தும் மாதத்தில் வரும் என்பிஏ வதந்திகள்: சிறு நகர அணி ரசிகருக்கு

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கரையில் வலை பொத்துவதும் பேச்சும்தான் வேலை. எந்தப் படகு விலைக்கு வருகிறது, எந்த ஸ்ராங்கு (படகோட்டி) எந்தப் படகுக்கு மாறுகிறார் என்று தினம் ஒரு கதை கிளம்பும். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், ஆட்டம் இல்லாத ஆஃப்சீசனின் சூடான நாட்களும் அதே இரண்டு மாதத்துக்குள்தான் வருகின்றன. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இருந்துகொண்டு மெம்ஃபிஸ், இண்டியானா, ஓக்லஹோமா சிட்டி, சாக்ரமென்டோ மாதிரி சிறு நகர அணியைப் பின்தொடர்கிறவருக்குக் கிடைக்கும் கதைகளில் பாதி, "உங்கள் ஆளைப் பெரிய நகரம் தூக்கப் போகிறது" என்பதாகவே இருக்கும். அதைச் சலிக்க ஒரு தாள், ஒரு பேனா, கொஞ்சம் கூட்டல் கழித்தல் போதும்.

முதலில் நேரம்

புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஜூன் கடைசி வாரம் நடக்கும். 2024 முதல் அது இரண்டு நாள். அங்கே இரவு 8 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 5.30. சொந்த அணியின் ஒப்பந்தம் முடிந்த வீரர்களோடு ஃபைனல்ஸ் முடிந்த மறுநாளே பேசலாம். மற்ற அணி வீரர்களோடு பேச ஜூன் 30 மாலை 6 மணி ஆக வேண்டும். நமக்கு அது ஜூலை 1 அதிகாலை 3.30. பெரும்பாலான ஒப்பந்தங்களில் கையெழுத்து போடக் கதவு திறப்பது ஜூலை 6 பகல் 12 தாண்டி, அதாவது நம்மூரில் இரவு 9.30-க்கு.

இந்த இடைப்பட்ட நாட்களில் உள்ளதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு. 2015-இல் டிஆண்ட்ரே ஜோர்டன் டாலஸ் அணிக்குச் சரி சொல்லிவிட்டு, கையெழுத்து நேரம் வருவதற்குள் மனம் மாறி கிளிப்பர்ஸிலேயே தங்கிவிட்டார். அதனால் ஜூலை 6 இரவு வரைக்கும் பென்சிலில் எழுதுங்கள்.

வருடத்திலேயே நம்பக்கூடாத வாரம் டிராஃப்டுக்கு முந்தியது. எந்தப் பையனை எடுக்கப் போகிறோம் என்று மறைக்க ஒவ்வொரு அணியும் புகை போடும். நம்பத்தக்கது ஜூலை 1 அதிகாலை 3.30-க்குப் பிறகு வரும் முதல் சில மணி நேரம். அப்போது வருவதில் பெரும்பாலானவை முன்னமே பேசி முடித்த சமாச்சாரம். ஒரு நாள்தான் அலாரம் வைப்பேன் என்கிறவர் அன்றைக்கு வைக்கலாம்.

வினைச்சொல்லைப் பாருங்கள்

குழுவில் செய்தி இப்படித்தான் வந்து விழும்: "மக்கா, நம்ம சென்டர் போறான் பாத்துக்கோ. லேக்கர்ஸ் எடுக்கப் போறானுவளாம்." இதற்குச் சரியான பதில்: "யாரு சொன்னா லேய்? பேரு போட்டிருக்கா?"

பேர் இல்லாவிட்டால் அங்கேயே விட்டுவிடலாம். பேர் இருந்தால் மூலப் பதிவுக்கே போய் வினைச்சொல்லைப் பாருங்கள். "உடன்பட்டார்" என்றால் காரியம் கிட்டத்தட்ட முடிந்தது, கையெழுத்துதான் பாக்கி. "பேச்சு முற்றுகிறது" என்றால் பாதிக்கு மேல். "ஆர்வம் காட்டுகிறது" என்பது ஒரு போன் போனது என்று மட்டும். "கண் வைத்திருக்கிறது", "நிலைமை மாறினால்" போன்றவை பூஜ்யம்; முப்பது அணியும் எல்லா நல்ல வீரர் மேலும் கண் வைத்துத்தான் இருக்கும். கை மாறும்போது இந்த வினைச்சொல்தான் முதலில் கெடுகிறது. "ஆர்வம்" என்று கிளம்பியது இரண்டாவது கையில் "முயற்சி" ஆகும், மூன்றாவது கையில் "எடுக்கப் போறானுவ" ஆகிவிடும்.

போலிக் கணக்கு இன்னொரு தொல்லை. பிரபல நிருபரின் படம், பேரில் ஒரு எழுத்து மட்டும் மாறியிருக்கும். ஏட்ரியன் வோஜ்நரவ்ஸ்கி 2024 செப்டம்பரிலேயே செய்தித் தொழிலை விட்டு ஒரு கல்லூரி அணிக்கு ஜெனரல் மேனேஜராகப் போய்விட்டார். அவர் பேரில் இப்போது டிரேடு (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது) செய்தி வந்தால் அது போலி என்று சொல்ல வேறு ஆராய்ச்சி வேண்டாம். அதே சமயம் நம்ப முடியாதது எல்லாம் பொய்யும் ஆகாது. 2025 பிப்ரவரியில் டாலஸ் நட்சத்திரம் லூகா டோன்சிச் லேக்கர்ஸுக்குப் போனதை நிருபர் ஷாம்ஸ் சரானியா பதிவிட்டபோது அவர் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றே பலரும் நினைத்தார்கள். அதற்கு முன் ஒரு பொட்டு வதந்தி இல்லை. பெரிய டிரேடுகள் பல நேரம் சத்தமில்லாமல்தான் நடக்கும். சத்தம் போடுகிற செய்திக்குப் பின்னால் அந்தச் சத்தத்தால் லாபம் அடைகிற ஒருவர் இருப்பார்: சம்பளத்தைக் கூட்டப் பார்க்கும் ஏஜென்டோ, விலையைக் குறைக்கப் பார்க்கும் வாங்கும் அணியோ.

சம்பளத் தாள்

இதுதான் முக்கியமான வேலை. உங்கள் அணியின் 15 பேரையும் வரிசையாக எழுதுங்கள். பக்கத்தில் வரும் சீசன் சம்பளம், மிச்சமுள்ள ஆண்டுகள், கடைசி ஆண்டில் ஆப்ஷன் (அந்த ஆண்டு தொடரலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை) இருந்தால் அது யாருடையது, வீரருடையதா அணியுடையதா. சம்பளப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். துணை அணிக்கும் சேர்த்து ஆடும் மூன்று டூ-வே வீரர்களைக் கூட்டாதீர்கள். அவர்கள் சம்பளம் கேப்பில் (அணியின் சம்பள வரம்பில்) சேராது.

மொத்தத்தை நான்கு கோடுகளோடு ஒப்பிட வேண்டும். 2025-26 சீசனுக்கு அவை: கேப் 15.46 கோடி டாலர், லக்சரி டாக்ஸ் 18.79 கோடி, முதல் ஏப்ரன் 19.59 கோடி, இரண்டாம் ஏப்ரன் 20.78 கோடி. ஒவ்வொரு ஜூன் 30-லும் புது எண் வரும். கேப் ஒரு வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது.

கேப்பைத் தாண்டுவது குற்றமல்ல; பெரும்பாலான அணிகள் தாண்டித்தான் இருக்கும். டாக்ஸைத் தாண்டினால் முதலாளி பையில் கை வைக்க வேண்டும். முதல் ஏப்ரனைத் தாண்டினால் டிரேடில் கொடுத்ததைவிட ஒரு டாலர்கூடக் கூடுதல் சம்பளம் வாங்க முடியாது. இரண்டாம் ஏப்ரனைத் தாண்டினால் இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆளை வாங்கவும் முடியாது, டிரேடில் பணம் கொடுக்கவும் முடியாது. ஏழு வருடம் தள்ளியிருக்கிற முதல் சுற்று பிக்கும் (டிராஃப்டில் வீரரை எடுக்கும் முறை) உறைந்துபோகும், டிரேடில் கொடுக்க முடியாது. "மூணு பேரைக் குடுத்து ஒரு ஸ்டாரை எடுக்கலாம்லா" என்று யாராவது சொன்னால், உங்கள் அணி எந்தக் கோட்டுக்கு மேல் என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

இங்கே எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் கேப் ஹோல்ட். ஐந்து பேர் ஒப்பந்தம் முடிகிறது, அவர்கள் சம்பளம் 5 கோடி, ஆகவே 5 கோடி காலி என்று கணக்குப் போடுவார்கள். அது தப்பு. ஒப்பந்தம் முடிந்த வீரரை அணி "வேண்டாம்" என்று எழுதிக்கொடுக்கும் வரை அவர் பேரில் ஒரு தொகை கேப்பிலேயே உட்கார்ந்திருக்கும். பல நேரம் பழைய சம்பளத்தைவிடக் கூடுதலாக. எழுதிக்கொடுத்துவிட்டால் இடம் கிடைக்கும், ஆனால் கேப்பைத் தாண்டியும் அவரைத் திரும்ப எடுக்கும் உரிமை போய்விடும். முன்னாள் வீரர் லேரி பேர்ட் பேரில் வழங்குகிற உரிமை அது. இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது.

அடுத்து பிக் கணக்கு. வருங்காலத்தில் தொடர்ச்சியாக இரண்டு ஆண்டு முதல் சுற்று பிக் இல்லாத நிலைமைக்கு ஓர் அணி போகக் கூடாது. ஸ்டெபியன் விதி என்பார்கள். 1980-களின் தொடக்கத்தில் கிளீவ்லாண்ட் முதலாளி டெட் ஸ்டெபியன் பிக்குகளை அள்ளி விட்டதால் வந்த விதி. 2028 பிக்கை ஏற்கெனவே விற்றுவிட்ட அணி 2027, 2029 பிக்குகளைத் தருவதாகச் செய்தி வந்தால், வேறு அணியின் பிக் அந்த ஆண்டுகளில் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

ஒன்றைப் போட்டுப் பார்ப்போம்

2025 ஜூனில் மெம்ஃபிஸ், டெஸ்மண்ட் பேனை ஆர்லாண்டோவுக்கு அனுப்பியது. பேனின் 2025-26 சம்பளம் சுமார் 3.67 கோடி. திரும்பி வந்தவர்கள் கென்டேவியஸ் கால்ட்வெல்-போப் (சுமார் 2.16 கோடி), கோல் ஆன்டனி (சுமார் 1.31 கோடி). கூட்டினால் 3.47. ஆர்லாண்டோ தான் கொடுத்ததைவிட 20 லட்சம் கூடுதலாக வாங்குகிறது. முதல் ஏப்ரனுக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். மெம்ஃபிஸுக்குக் கூடவே நான்கு முதல் சுற்று பிக், ஒரு ஸ்வாப் (பிக்கை இடம் மாற்றிக்கொள்ளும் உரிமை).

ரசிகர்கள் அன்றைக்கு அழுதது "நல்ல ஷூட்டரை வித்துட்டானுவ" என்று. தாளில் தெரிவது வேறு. பேன் முப்பதைக்கூடத் தொடாத, ஒப்பந்தத்தில் இன்னும் பல ஆண்டு மிச்சமுள்ள வீரர். அவரை விலை உச்சத்தில் இருக்கும்போது விற்றார்கள். வந்த பிக்குகளில் 2025-இன் 16-ஆவது இடமும் ஒன்று. டிராஃப்டில் அதோடு இன்னும் சிலதைச் சேர்த்துக் கொடுத்து 11-ஆவது இடத்துக்கு ஏறினார்கள். நல்ல டிரேடா கெட்ட டிரேடா என்று அடித்துக்கொள்ளலாம். ஆனால் "ஒண்ணும் கிடைக்கல்ல" என்று சொல்ல முடியாது.

உண்மையில் பயப்பட வேண்டியது எது

நட்சத்திரம் போவதைவிட, சும்மா போவதுதான் சிறு நகர அணியை முடக்கும். 2016 ஜூலை 4 அன்று கெவின் டுரான்ட் ஓக்லஹோமாவை விட்டுப் போனபோது பதிலுக்கு ஒரு பிக்கூட வரவில்லை. அதே அணி 2019-இல் பால் ஜார்ஜை கிளிப்பர்ஸுக்கு விற்றபோது ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர் வந்தார், கூடவே ஐந்து முதல் சுற்று பிக். அதில் ஒன்றில்தான் 2022-இல் ஜேலன் வில்லியம்ஸ் கிடைத்தார். அதே பால் ஜார்ஜை 2017-இல் ஓக்லஹோமாவுக்கு விற்றது இண்டியானா. அதில் வந்த சபோனிஸைக் கொடுத்து 2022-இல் ஹாலிபர்ட்டனை எடுத்தது. 2025 ஃபைனல்ஸில் ஏழு ஆட்டம் மோதியவை இந்த இரண்டு அணிகளும்தான். ஒரே ஆளை விற்ற காசில் இரண்டு வீடு கட்டியதுபோல.

எனவே உங்கள் நட்சத்திரத்தின் பெயருக்கு நேரே மிச்சமுள்ள ஆண்டைப் பாருங்கள். மூன்று, நான்கு ஆண்டு இருந்தால், சும்மா போய்விடுவார் என்ற வதந்தியைத் தள்ளுங்கள். இரண்டு ஆண்டு இருக்கும்போது வரும் கோடைதான் கவனிக்க வேண்டியது: எக்ஸ்டென்ஷன் (ஒப்பந்த நீட்டிப்பு) பேசினார்களா, மறுத்தாரா? கடைசி ஆண்டுக்குள் எக்ஸ்டென்ஷன் இல்லாமல் நுழைந்தால் கவலைப்படலாம்.

மறுப்பது என்றாலே போகிறார் என்று பொருள் கொள்ளக் கூடாது. சாதாரண எக்ஸ்டென்ஷனில் முதல் ஆண்டுச் சம்பளம் பழையதன் 140 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 1.5 கோடி வாங்குகிறவருக்கு 2.1 கோடிதான் தர முடியும். வெளியே 3 கோடி கிடைக்கும் என்றால் எந்த ஏஜென்டும் மறுக்கத்தான் சொல்வார். அடுத்த கோடையில் அதே அணியில், ஐந்து ஆண்டுக்கு, வருடம் 8 சதவீத உயர்வோடு கையெழுத்து போடலாம். வேறு அணிக்குப் போனால் நான்கு ஆண்டு, 5 சதவீதம்தான். சொந்த ஊர் அணிக்கு இருக்கும் சாதகம் இது.

அதுவும் எப்போதும் காப்பாற்றாது. 2025-இல் மைல்ஸ் டர்னர் இண்டியானாவிலேயே இருப்பார் என்பதுதான் பொதுப்பேச்சு. பத்து சீசன் ஆடியவர். மில்வாக்கியிடம் கேப் இடமே இல்லை என்று எல்லோரும் தாளை மடித்து வைத்துவிட்டார்கள். மில்வாக்கியோ டேமியன் லில்லார்டை விடுவித்து, மிச்சச் சம்பளத்தை ஐந்து ஆண்டுக்கு நீட்டிப் பரப்பி இடம் செய்தது. மிச்சமுள்ள ஆண்டை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்ட வேண்டும் என்பது விதி: இரண்டு ஆண்டு என்றால் ஐந்து. வருடம் சுமார் 2.25 கோடி, ஆடாத ஆளுக்கு. அப்படிச் செய்யமாட்டார்கள் என்று நாம் நினைப்பதற்கும் செய்ய முடியாது என்பதற்கும் வித்தியாசம் உண்டு. தாளில் "முடியாது" என்று எழுதுமுன் இந்த வழியையும் சோதியுங்கள்.

"அணியே ஊரைவிட்டுப் போகுமா" என்ற பயத்துக்கு வீரர் சந்தையில் பதில் இல்லை. அரங்கக் குத்தகை எப்போது முடிகிறது, முதலாளி விற்கிறாரா, நகராட்சி புது அரங்கத்துக்குப் பணம் தருகிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். 2008-இல் சியாட்டல் அணி ஓக்லஹோமா போனது இந்த வழியில்தான். 2013-இல் சாக்ரமென்டோவை சியாட்டலுக்கு நகர்த்தும் முயற்சியை மற்ற முதலாளிகள் 22-8 என்று தோற்கடித்தார்கள்; 2016-இல் அங்கே புது அரங்கம் திறந்தது. ஓக்லஹோமா மக்கள் 2023 டிசம்பரில் புது அரங்கத்துக்கு வாக்களித்ததால் அணி 2050 வரை அங்கேதான். 2008-க்குப் பின் எந்த அணியும் தூர ஊருக்கு மாறவில்லை. நெட்ஸ் 2012-இல் நியூஜெர்சியிலிருந்து புரூக்ளின் போனது வடசேரியிலிருந்து கோட்டாருக்கு வீடு மாறியதுபோல. டிவி ஒப்பந்தம் 11 ஆண்டுக்கு 7,600 கோடி டாலர், முப்பது அணிக்கும் சமமாகப் பிரிகிறது. சின்ன ஊர் என்பதற்காகப் பட்டினி கிடக்கிற காலம் இது இல்லை.

கணக்கு நோட்டு

ஒரு நோட்டில் ஐந்து பத்தி: தேதி, சொன்னவர், வினைச்சொல், தாளில் முடியுமா, நடந்ததா. கடைசிப் பத்தியை ஜூலை கடைசியில், படகுகள் இறங்குகிற வாரத்தில் நிரப்புங்கள். இரண்டு கோடைக்குள் யார் பேச்சு நிற்கும், யார் வெறும் காற்று என்று உங்களுக்கே தெரிந்துவிடும். லாஸ் வேகாஸ் சம்மர் லீக் ஆட்டங்களை இந்த நோட்டில் சேர்க்க வேண்டாம். அங்கே 30 புள்ளி போட்டவர் பலர் அக்டோபரில் பெஞ்சில் இருப்பார்.

கோடையில் புதிதாகக் கையெழுத்து போட்டவர்களின் பேரைச் சிவப்பில் வட்டமிடுங்கள். அவர்களை டிசம்பர் 15 வரை டிரேடு செய்ய முடியாது. தாமதமாகப் போட்டவர்களுக்கு மூன்று மாதக் கணக்கு, பெரிய சம்பள உயர்வோடு சொந்த அணியில் போட்ட சிலருக்கு ஜனவரி 15. ஆகஸ்டிலோ அக்டோபரிலோ அந்த வட்டத்துக்குள் இருக்கும் ஆள் பேரில் டிரேடு வதந்தி வந்தால், அனுப்பியவருக்குத் தேதியை மட்டும் பதிலாக அனுப்புங்கள்.