மார்பகக் கட்டியில் ஊசிச் சோதனை: செல் போதாமல் போவதைத் தடுப்பது எப்படி

கடலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரி வந்த ஒரு பெண்ணிடம் "செல் போதலை, அடுத்த வாரம் வாங்கம்மா" என்று சொன்னால், அவருக்கு இன்னொரு நாள் கூலி போகும். சிலர் வராமலே விட்டுவிடுவார்கள். அவர் கட்டிலை விட்டு இறங்குவதற்குள் ஸ்லைடில் செல் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். மெல்லிய ஊசியால் செல் எடுத்துப் பார்க்கும் இந்தச் சோதனையை (எஃப்.என்.ஏ.சி.) எடுக்கப் பழகும் டாக்டர்களுக்கும் லேப் டெக்னீஷியன்களுக்கும் இந்தக் குறிப்பு.

மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) தேவைப்பட்டால் ஊசிக்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஊசி பட்ட இடத்தில் ரத்தம் கட்டினால் படம் குழப்பும். பிறகு 2 வாரமாவது காத்திருக்க வேண்டும். "ஊசி குத்தினா புற்று பரவிடுமா டாக்டர்?" என்று பலரும் கேட்பார்கள். இவ்வளவு மெல்லிய ஊசியால் அப்படி ஆவது மிக மிக அரிது, பயந்து தள்ளிப்போடுவதுதான் கெடுதல் என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

ஸ்லைடில் பெயரையும் எண்ணையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். 23 கேஜ் ஊசி, 10 மி.லி. சிரிஞ்சு போதும். மரத்துப்போகும் ஊசி பொதுவாகத் தேவைப்படாது. ஸ்பிரிட் காய்ந்ததும் கட்டியை இரண்டு விரலுக்கு நடுவே நகராமல் பிடித்து, மார்புச் சுவருக்குச் சாய்வாக நுழையுங்கள். விலா இடுக்கில் செங்குத்தாக இறக்கினால் நுரையீரல் உறையில் பட்டுவிடலாம்.

ஊசிமுனை கட்டிக்குள் போன பிறகே பிஸ்டனை இழுங்கள். விடாமல் 10–15 முறை வேகமாக முன்னும் பின்னும் அசையுங்கள். செல்லைச் சுரண்டி எடுப்பது இந்த அசைவுதான். கையில் படுவதையும் குறித்துவையுங்கள்: புற்றுக்கட்டி பெரும்பாலும் மணலில் குத்துவதுபோல் நறநறக்கும், ஃபைப்ரோஅடினோமா என்ற புற்றல்லாத கட்டி ரப்பர்போல் இருக்கும். ஊசி சிரிஞ்சில் மாட்டும் அடிக்குப்பியில் துளி தெரிந்ததும் நிறுத்துங்கள். பேராசைப்பட்டால் ரத்தம்தான் நிறையும். பிஸ்டனை விட்டுவிட்டு ஊசியை வெளியே எடுங்கள். இழுத்தபடியே எடுத்தால் செல் சிரிஞ்சுக்குள் ஏறி வீணாகிவிடும்.

உதவியாளர் 5 நிமிடம் பஞ்சை அழுத்திப் பிடிக்கட்டும். நீங்கள் ஊசியைக் கழற்றி, சிரிஞ்சில் காற்றை இழுத்து, மறுபடி மாட்டி ஸ்லைடுக்கு ஒரு துளி வையுங்கள். இன்னொரு ஸ்லைடை அதன்மேல் படுக்கவைத்து, அழுத்தாமல் ஒரே இழுப்பில் பரப்புங்கள். அழுத்தினால் நியூக்ளியஸ் நசுங்கி நூல்நூலாக நீளும். பாப் சாயத்துக்கான ஸ்லைடு அந்த நொடியே 95 சதவீத ஆல்கஹாலில் இறங்க வேண்டும், குறைந்தது 15 நிமிடம். ஜிம்சா சாயத்துக்கானது நேர்மாறு: சீக்கிரம் காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கடற்கரைக் காற்று ஈரம் சுமந்து நிற்கும்போது ஸ்லைடு மெதுவாகக் காய்ந்து செல் சுருங்கிவிடும். சின்ன விசிறி ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள்.

ஆல்கஹாலில் பதப்பட்ட ஒரு ஸ்லைடில் டொலுய்டின் நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு, கவர் ஸ்லிப் மூடி உடனே மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். எபிதீலியக் கொத்துகள் (பால்குழாய்ச் சுவரின் செல் கூட்டங்கள்) இல்லையென்றால் அப்போதே கட்டியின் வேறு பக்கத்தில் இன்னொரு ஊசி.

நீர்க்கட்டி என்றால் முழுவதும் உறிஞ்சிவிட்டு மறுபடி தொட்டுப் பாருங்கள். மிச்சம் தட்டுப்பட்டால் அங்கிருந்தும் எடுங்கள். ரத்தம் கலந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள், லேபுக்குப் போகட்டும்.

கோரிமேடு ஜிப்மர்போன்ற வேறு இடத்துக்கு அனுப்புவதானால், உலர்ந்த ஸ்லைடை ஃபார்மலின் பாட்டிலோடு ஒரே பையில் வைக்காதீர்கள். அந்த ஆவி பட்டாலே ஜிம்சா சாயம் கெட்டுவிடும்.

மார்பகச் செல் சோதனையை வகைப்படுத்தும் யோகோஹாமா முறையில் ரிப்போர்ட் 1 முதல் 5 வரை வரும்: போதாது, சாதாரணக் கட்டி, செல்லில் மாறுபாடு, புற்றுச் சந்தேகம், புற்று. 2 என்று வந்தும் கட்டி கையில் கெட்டியாகவோ ஸ்கேனில் சந்தேகமாகவோ இருந்தால் கோர் பயாப்ஸி (தடித்த ஊசியால் சதைத்துண்டு) எடுங்கள். பால்சுரப்பி நுண்மடல்களில் வரும் லோபுலர் வகைப் புற்றில் செல் குறைவாகவும் சிறியதாகவும் வந்து ஏமாற்றும். 1 என்றால் போதுமான செல் கிடைக்கவில்லை என்றுதான் பொருள். அந்தத் தாளை வைத்து "ஒண்ணுமில்லைம்மா" என்று அனுப்பிவிடாதீர்கள்.