கிரியாட்டினின் இறங்கிவிட்டால் சிறுநீரகம் குணமாகிவிட்டதா?

தசைகளில் உருவாகிச் சிறுநீரகம் வழியே வெளியேறும் கழிவுப்பொருள் கிரியாட்டினின். இரத்தப் பரிசோதனையில் அதன் அளவு இயல்பு எல்லைக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டு, சிறுநீரகத்தில் குறையே இல்லை என்று முடிவு கட்டுவதுதான் இவ்விஷயத்தில் மிகப் பரவலான தவறு. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் எனப்படும் வடிகட்டும் அலகுகள் ஏறத்தாழ 10 லட்சம் உள்ளன. ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் கிளாமருலஸ் எனப்படும் இரத்த நுண்குழாய்க் கொத்து ஒன்று இருக்கிறது. சில கொத்துகள் அழிந்தால் மிஞ்சியவை கூடுதலாக உழைத்து ஈடுசெய்வதால், வடிகட்டும் திறனில் ஏறத்தாழ பாதி போன பிறகே பலருக்குக் கிரியாட்டினின் எல்லையைத் தாண்டுகிறது. நுண்குழாய்ச் சுவரில் ஏற்படும் பழுதோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, சிறுநீரில் கசியும் அல்புமின் புரதமாகத் தன்னைக் காட்டிக்கொள்ளக்கூடும். சிறுநீரில் உள்ள ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் அல்புமின் மூன்று மாதங்களுக்குத் தொடர்ந்து வெளியேறினால், இரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு இருந்தாலும் அது நாட்பட்ட சிறுநீரக நோய்தான். சர்க்கரை நோயோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறை இந்தச் சிறுநீர்ப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

கல்லீரலைப் போலச் சிறுநீரகமும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அடுத்தது. இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கு வருகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர் கிளாமருலஸ்களின் வழியே வடிகிறது. உடலின் பிற நுண்குழாய்களைவிட மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும் இக்குழாய்கள் நிலைத்திருப்பதற்குக் காரணம், அவற்றை வெளிப்புறமிருந்து கால்களால் அணைத்திருக்கும் போடோசைட் செல்கள் இடைவிடாமல் சுரக்கும் வி.இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி; குழாயின் உட்சுவர்ச் செல்கள் அந்தச் சமிக்ஞையைச் சார்ந்தே வாழ்கின்றன. புற்றுநோய்க் கட்டிக்கு இரத்தம் போகாமல் தடுக்க இதே காரணியை முடக்கும் பெவாசிசுமாப் மருந்தைப் பெறுபவர்களில் சிலருக்குச் சிறுநீரில் புரதம் ஒழுகுவதும், அரிதாகக் கிளாமருலஸுக்குள் இரத்தம் உறைவதும் இதனால்தான். கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறும் முன்வலிப்பு நோயிலும் நஞ்சுக்கொடி வெளியிடும் ஒரு புரதம் இந்தக் காரணியைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அதே பழுது நேர்கிறது. பராமரிக்கும் போடோசைட்டுகளோ முதிர்ந்த பின் பெரும்பாலும் பிரிந்து பெருகுவதில்லை. பராமரிப்பு சிறப்பாக நடக்கும் உறுப்பு என்பதற்காக, பழுதுபார்ப்பும் அதே அளவுக்கு நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்புக்குப் பிறகு இந்த வேறுபாடு மிகத் தெளிவாக வெளிப்படுகிறது. எலிக்காய்ச்சல், பாம்புக்கடி, கடும் வயிற்றுப்போக்கு போன்றவற்றால் சிறுநீரகம் நின்றுபோய், சில முறை டயாலிசிஸ் செய்து மீண்டவர்கள், கிரியாட்டினின் இறங்கியதும் மருத்துவமனைப் பக்கமே போவதில்லை. சிறுநீர் ஓடும் நுண்ணிழைகளின் செல்கள் சில வாரங்களில் மீண்டும் வளர்ந்துவிடுவது உண்மை. எண்கள் இறங்குவதும் அதனால்தான். ஆனால் அந்த இழைகளைச் சுற்றிப் படர்ந்திருக்கும் நுண்குழாய்கள் அதே அளவுக்கு மீள்வதில்லை. குழாய்ச் சுவரைத் தாங்கிப் பிடிக்கும் பெரிசைட் செல்கள் பாதிப்பின்போது அங்கிருந்து விலகி, தழும்புத் திசுவை உருவாக்கும் செல்களாக மாறக்கூடும். தாங்குதல் இழந்த குழாய்கள் சுருங்கி மறைகின்றன. குழாய் குறைந்த இடத்தில் ஆக்சிஜன் குறைகிறது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் தழும்பு மேலும் வளர்கிறது. இந்தச் சுழல் வலியில்லாமல், வீக்கமில்லாமல், ஆண்டுக்கணக்கில் நடக்கும். மீண்டவர்களை மூன்று மாதங்களுக்குப் பிறகு மறுபடி சோதிக்க வேண்டும் என்று பன்னாட்டு வழிகாட்டுதல் சொல்வதற்குக் காரணம் இதுவே. வீடு திரும்பும்போது தரப்படும் தாளில் இந்த வரி பெரிய எழுத்தில் அச்சிடப்பட வேண்டும் என்பது என் கருத்து.

வலி மாத்திரை பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். எப்போது அது மிகுதியாகக் கெடுக்கிறது என்பதைச் சொல்பவர் குறைவு. உடலில் நீர் குறையும்போது கிளாமருலஸுக்குள் வரும் குழாயை, உடலே உருவாக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருட்கள்தான் திறந்து வைத்திருக்கின்றன. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை அவற்றின் உற்பத்தியைத் தடுப்பதால் அக்குழாய் இறுகுகிறது. ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்கும் சிறுநீரக உட்பகுதி முதலில் பாதிக்கப்படுகிறது. வெயிலில் உழைத்துக் களைத்தவரும், வாந்தி பேதியில் கிடப்பவரும், இரத்த அழுத்த மாத்திரையோடு நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவரும், கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை அன்று விழுங்குவதுதான் மிக ஆபத்தான சேர்க்கை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. எனலாப்ரில், டெல்மிசார்டான் போன்ற இரத்த அழுத்த மருந்துகளைத் தொடங்கிய சில வாரங்களில் கிரியாட்டினின் சற்று ஏறுவதைக் கண்டு பயந்து, அவற்றைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். கிளாமருலஸிலிருந்து வெளியேறும் குழாயைத் தளர்த்தி உள்ளழுத்தத்தைக் குறைப்பதே இம்மருந்துகளின் வேலை. அழுத்தம் குறைந்தால் வடிகட்டும் வேகமும் கொஞ்சம் குறையும். 30 சதவீதம் வரையிலான ஏற்றத்தை மருத்துவர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். அதற்கு மேல் ஏறினாலோ பொட்டாசியம் உயர்ந்தாலோ என்ன செய்வது என்பதையும், வாந்தி பேதி நாட்களில் இடைநிறுத்த வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

தண்ணீர் நிறையக் குடித்தால் குழாய்கள் சுத்தமாகிவிடும் என்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: தாகத்துக்கும் வெயிலுக்கும் ஏற்பக் குடிப்பது போதும், முற்றிய நோயில் கூடுதல் நீர் கால் வீக்கத்தையும் மூச்சுத் திணறலையும் கொண்டுவரும். மூலிகைப் பொடிகளின் கதை வேறு. ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் சேர்ந்த அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடிகளில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைத் தழும்பாக்குவது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைக்கும் மாத்திரையில் இவ்வினத்துச் சீன மூலிகை கலந்துவிட்டதால் பல பெண்கள் சிறுநீரகத்தை இழந்தார்கள். மாத்திரையை நிறுத்திய பிறகும் பலருக்கு நோய் முற்றிக்கொண்டே போனது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது.