வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறதா? எந்த சிலிண்டர் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்

தொப்பூர் கணவாயில் தர்மபுரிப் பக்கம் ஏறும்போது கார் இழுக்காமல் திணறுகிறது. சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. சைலென்சர் சத்தம் சீராக வராமல் விட்டுவிட்டு வருகிறது. செக் இன்ஜின் லைட்டும் எரிகிறது. இன்ஜினில் உள்ள 3 அல்லது 4 சிலிண்டர்களில் ஒன்று சரியாக வேலை செய்யவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம்.

முதலில் எல்லோரும் திட்டுவது பெட்ரோல் பங்கைத்தான். கெட்ட பெட்ரோல் என்றால் எல்லா சிலிண்டருமே தடுமாறும். ஒன்றை மட்டும் தேடிப் பிடித்துக் கெடுக்காது. அடுத்ததாகச் செய்வது, நான்கு காயிலையும் (ஒவ்வொரு சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்குக்கும் மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்) மொத்தமாக மாற்றுவது. வீண் செலவு. எது கெட்டது என்று தெரிந்த பிறகு கடைக்குப் போனால் போதும்.

ஒன்று மட்டும் முக்கியம்: செக் இன்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலென்சர் வழியில் இருக்கும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கிவிடும். காயிலை விட அது பல மடங்கு விலை.

முதல் வேலை: எரர் கோடு (code) பார்ப்பது

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும், வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பிழைக் குறியீட்டைப் படிக்கும் இடம். அதில் புளூடூத் அடாப்டரைச் செருகி, மொபைல் ஆப்பில் கோடு படியுங்கள். பி0301 என்றால் 1ஆவது சிலிண்டர், பி0303 என்றால் 3ஆவது. பி0300 வந்தால் பல சிலிண்டர்களில் மாறி மாறி மிஸ் ஆகிறது. அப்போது காற்றுக் கசிவு, பெட்ரோல் பிரஷர் போன்ற பொதுவான காரணங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 1ஆவது சிலிண்டர் பெரும்பாலும் பெல்ட் ஓடும் பக்கம் இருக்கும். உங்கள் வண்டிக்கு எது என்று மேனுவலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது: இடம் மாற்றிப் பார்ப்பது

மொத்தத்தில் இதுதான் உயிரான வேலை, காசும் செலவில்லை. பி0303 வந்தது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் நன்றாக ஆறட்டும். சாவியை ஆஃப் செய்யுங்கள். 3ஆவது காயிலின் கப்ளர் (வயர் இணைப்பு) லாக்கை மெதுவாக அழுத்திக் கழற்றுங்கள். சூட்டில் காய்ந்த பிளாஸ்டிக், அவசரப்பட்டால் ஒடிந்துவிடும். போல்ட் பெரும்பாலும் 10 எம்.எம். ஸ்பேனருக்கு வரும். காயிலை நேராக இழுக்காமல் இடமும் வலமும் லேசாகத் திருப்பினால் பிளக்கைப் பிடித்திருக்கும் ரப்பர் விடும், அப்புறம் தூக்குங்கள்.

ரப்பர் நுனியில் ஆயில் ஈரம் இருந்தால் இன்ஜினின் மேல் மூடியான டாப்பட் கவரின் சீல் கசிகிறது. அதை விட்டுவிட்டுப் புதுக் காயில் போட்டால் அதுவும் கெடும்.

இப்போது 3ஆவது காயிலை 1ஆவதிலும், 1ஆவதை 3ஆவதிலும் போட்டு, கோடை அழித்துவிட்டு ஓட்டுங்கள். பி0301 வந்தால் குற்றவாளி காயில்தான். மறுபடியும் பி0303 என்றால் காயில் நல்லது; அடுத்து பிளக்கை 2ஆவதோடு மாற்றுங்கள். இரண்டையும் ஒரே தடவை மாற்றாதீர்கள், எது கெட்டது என்று தெரியாமல் போய்விடும்.

ஏற்றத்தில்தான் மிஸ்ஸிங் வெளியே வரும். தர்மபுரிக்காரர்களுக்குத் தொப்பூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு மேலுமலை. மொபைலைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். அந்த லாரிகளுக்கு நடுவே உங்கள் கண் ரோட்டில்தான் இருக்க வேண்டும்.

பிளக் கழற்றும்போது

பிளக் குழியில் நம் ஊர் மண் சேர்ந்திருக்கும். கழற்றும் முன் சைக்கிள் பம்பால் ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் பெரும்பாலும் ஸ்பார்க் வரவில்லை. பிசுபிசுவென்று ஆயில் இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். பீங்கானில் பென்சில் கீறல் போலக் கறுப்புக் கோடு ஓடினால், மின்சாரம் அந்த வழியாகத் தப்பிப் போகிறது. பிளக்கோடு காயில் ரப்பரையும் மாற்றுங்கள். திரும்பப் போடும்போது ராட்செட் வேண்டாம், விரலாலேயே மரை பிடிக்கட்டும். பிளக் உட்காரும் சிலிண்டர் ஹெட் அலுமினியம், மரை கோணிவிட்டால் லேத்துக்குத்தான் போக வேண்டும். எவ்வளவு இறுக்குவது என்று பிளக் டப்பாவிலேயே போட்டிருக்கும்.

காயிலும் பிளக்கும் நல்லது என்றால்

சிலிண்டருக்குப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரின் கப்ளர் கைக்கு எட்டினால், இன்ஜினை ஐடிலில் விட்டு ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். நல்ல சிலிண்டர் என்றால் இன்ஜின் சட்டென்று தளரும். கழற்றியும் ஓட்டத்தில் மாற்றமே இல்லையென்றால் அந்த சிலிண்டர்தான். காயில் கப்ளரைக் கழற்றி இந்தச் சோதனை செய்யாதீர்கள், பச்சைப் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குப் போகும்.

கடைசியாகக் காம்ப்ரஷன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று அளப்பது. கேஜ் மெக்கானிக்கிடம் இருக்கும். பக்கத்தில் நின்று அளவுகளை எழுதி வாங்குங்கள். மூன்று சிலிண்டர் 170 பி.எஸ்.ஐ. அருகில் இருந்து ஒன்று மட்டும் 110 காட்டினால் காயில் மாற்றிப் பயனில்லை. அந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகம்.

டீசல் கார் என்றால் கதை வேறு. அதில் காயில் கிடையாது. பி0263 என்ற கோடு 1ஆவது சிலிண்டர் மற்றவற்றோடு சமமாக உழைக்கவில்லை என்று சொல்லும், 2ஆவதற்கு பி0266. காரணம் அதிகமும் இன்ஜெக்டர். இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொண்டுபோகும் காமன் ரயில் குழாயை ஓடும் இன்ஜினில் தளர்த்தவே கூடாது, 1000 பாருக்கு மேல் போகும் அந்தப் பிரஷரில் டீசல் தோலைத் துளைத்துவிடும். டீசல் பம்பு, நாஸில் வேலை செய்யும் கடைக்குப் போய், இன்ஜெக்டர் ரிட்டர்ன் அளவை (இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வரும் டீசல்) நான்குக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.